மரவள்ளி மாவுப் பை கிழிகிறதா? புரோக்கரின் குருணையைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்

கேள்வி: ஆத்தூரில் சிறிய பை ஆலை நடத்துகிறேன். மரவள்ளி மாவு 30 சதவீதம், மீதி பி.பி.ஏ.டி. எனும் மக்கும் பாலியெஸ்டர். பை மடித்த இடத்தில் வெளுக்கிறது, ஒட்டுவாயில் கிழிகிறது. மாவையும் பாலியெஸ்டரையும் ஒட்டவைக்கும் கம்பாட்டிபிலைசரை 5 சதவீதம் சேர்த்தால் சரியாகிவிடும் என்று ஒரு புரோக்கர் குருணை காட்டுகிறார். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். முதலில் உங்கள் மாவு வெந்திருக்கிறதா என்று பாருங்கள்.

மூட்டையிலிருந்து கொட்டும் மரவள்ளி மாவு தானாக உருகாது. அது சுமார் 4 முதல் 35 மைக்ரான் வரையுள்ள சின்னஞ்சிறு மணிகள். பையின் தடிமன் 40 மைக்ரான் என்றால், 20 மைக்ரான் மணி ஒன்று பாதித் தடிமனை அடைத்துக்கொள்ளும். மடிக்கும்போது அதைச் சுற்றி விரியும் இடைவெளிதான் வெள்ளையாகத் தெரிகிறது. கிழிந்த ஓரத்தில் ஒரு சொட்டு அயோடின் விட்டு, பள்ளிக்கூட நுண்ணோக்கியில் வைத்துப் பாருங்கள். கரும்புள்ளிகள் உருண்டை உருண்டையாகத் தனித்து நின்றால், மாவு மாவாகவே இருக்கிறது. கஞ்சி காய்ச்சாமல் உப்பு போதவில்லை என்று சொல்லிப் பயனில்லை.

மாவின் எடையில் கால் முதல் மூன்றில் ஒரு பங்கு கிளிசரின் சேர்த்து, இரட்டைத் திருகு எக்ஸ்ட்ரூடரில், அதாவது சூடாக்கிப் பிசைந்து தள்ளும் இயந்திரத்தில், வேகவைக்க வேண்டும். கிளிசரின் கூடினால் பை பிசுபிசுக்கும். மாவில் இயல்பாகவே 12 சதவீதம்போல ஈரம் இருக்கும். அதை வெளியேற்றாமல் பாலியெஸ்டரோடு கலந்தால் அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை ஈரமே நறுக்கிவிடும்.

இதன் பிறகுதான் கம்பாட்டிபிலைசர். மாவு நீரை விரும்பும், பி.பி.ஏ.டி. நீரோடு சேராது. இரண்டையும் பிடித்துக்கொள்ள ஒரு மூலக்கூறு தேவை. மாலியிக் அன்ஹைட்ரைடு எனும் வேதிப்பொருளை ஒட்டவைத்த பி.பி.ஏ.டி. அந்த வேலையைச் செய்யும்: அன்ஹைட்ரைடு முனை மாவைப் பற்றும், மற்றது பி.பி.ஏ.டி.யோடு கலந்துவிடும். சிட்ரிக் அமிலம் மலிவான மாற்று. 1 சதவீதம்போல வைத்துக்கொள்ளுங்கள், கூடினால் மாவையும் பாலியெஸ்டரையும் சேர்த்தே வெட்டும். மாலியிக் அன்ஹைட்ரைடை வாங்கி உங்கள் கொட்டகையிலேயே ஒட்டவைக்கப் பார்க்காதீர்கள். அதன் ஆவி கண்ணையும் நுரையீரலையும் பொசுக்கும்.

இனி உங்கள் புரோக்கர். சந்தையில் தாராளமாகக் கிடைப்பது மாலியிக் ஒட்டிய பாலிஎத்திலீன். மரத்தூள் பிளாஸ்டிக்குக்கும் பாலிஎத்திலீன் கலவைகளுக்கும் அது நல்ல சரக்குதான். உங்கள் கலவையில் அது மாவைப் பிடிக்கும், ஆனால் அதன் பாலிஎத்திலீன் வால் பி.பி.ஏ.டி.யோடு சேராது. பையும் உறுதியாகாது, மக்காத பாலித்தீனும் உள்ளே போய்விடும். குருணையைத் தண்ணீரில் போடுங்கள். பி.பி.ஏ.டி. மூழ்கும், பாலிஎத்திலீன் மிதக்கும். சுண்ணாம்புத் தூள் கலந்து கனமாக்கியிருந்தால் பாலிஎத்திலீனும் மூழ்கும் என்பதால், மூழ்கியதும் நம்பிவிடாதீர்கள்; மிதந்தால் உடனே திருப்பிக் கொடுங்கள். "மக்கும் சேர்மானம்" என்று அச்சிட்ட சாக்கு எதற்கும் சாட்சி அல்ல.

அவர் 1 சதவீத விதியைக் காட்டுவார், அதனால் அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். மக்கும் பிளாஸ்டிக்குக்கான ஐ.எஸ்.ஓ. 17088 தரத்தில், 1 சதவீதத்துக்கும் குறைவான சேர்மானம் மக்குகிறது என்று தனியே நிரூபிக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்டவை மொத்தமாக 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. புரோக்கர்கள் அந்த 5-ஐ மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். ஒரே பொருள் 5 சதவீதம் என்றால் சலுகை கிடையாது. நான்கு சதவீதத்துக்கும் கிடையாது, இரண்டுக்கும் கிடையாது. 0.9 சதவீதம் போட்டால்? விதியிலிருந்து தப்பிவிடலாம், ஆனால் பி.பி.ஏ.டி.யோடு சேராத பொருள் எவ்வளவு குறைவாக இருந்தாலும் பை கிழியத்தான் செய்யும். நிறக் குருணையிலும் வழுக்குப் பொருளிலும் மக்குவதாக நிரூபிக்காத கரிமச் சேர்மானங்கள் இருந்தால் அவையும் அந்த 5 சதவீதக் கணக்கில் வருகின்றன என்பதையும் அவர் சொல்லமாட்டார்.

கலவையை மாற்றினால் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியச் சான்றுக்கு மறுபடியும் சோதனை வரலாம். மக்கும் சோதனைக்கு மட்டும் 180 நாள் வரை ஆகும். ஒழுங்காகச் செய்பவர் அரை வருடம் காத்திருக்க, "100 சதவீதம் மக்கும்" என்று அச்சடித்த வெறும் பாலித்தீன் பை கடைத்தெருவில் தடையின்றி விற்கிறது. கோப்புகளைப் புரட்டும் அதிகாரிகள் ஒரு நாளாவது சந்தைக்குப் போய் வந்தால் தேவலை. அதனால் கலவையை முடிவுசெய்த பிறகே விண்ணப்பியுங்கள். எந்த பாலிமரில் மாலியிக் ஒட்டியிருக்கிறது என்று புரோக்கரை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் ஒரு கிலோ மாதிரிகூட வாங்காதீர்கள்.