முள் குத்தியது காலில், நெறி கட்டியது தொடையில்

உடல் தனக்கு அந்நியமானதை எப்படி அடையாளம் காண்கிறது, கண்டபின் என்ன செய்கிறது என்று கேட்டவர்கள் பலர். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஆன்டிஜென் என்பது கிருமிக்கு இன்னொரு பெயரா?

இல்லை. நம் வெள்ளை அணுக்களோ அவை சுரக்கும் ஆன்டிபாடிகளோ பற்றிப் பிடிக்கக்கூடிய எந்தப் பொருளும் ஆன்டிஜென்தான். ஒரு கிருமியின் உடம்பில் அப்படிப் பல புரதங்களும் சர்க்கரைகளும் இருக்கும். அவற்றிலும் முழுப் புரதத்தையும் ஆன்டிபாடி பிடிப்பதில்லை. அதன் மேலுள்ள ஒரு சிறு மேடோ பள்ளமோ போதும். அந்த இடத்துக்கு எபிடோப் என்று பெயர்.

கிருமியே இல்லாத ஆன்டிஜெனைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால், ரத்த வகை பார்க்கும் இடத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு ரத்தம், அதன் பக்கத்தில் நீல நிறத் திரவம் ஒரு சொட்டு. குச்சியால் இரண்டையும் கலந்து, தகட்டை இப்படியும் அப்படியும் மெல்லச் சாய்ப்பார்கள். சிவப்பணுவில் ஏ ஆன்டிஜென் இருந்தால் கொஞ்ச நேரத்திலேயே ரத்தம் மணல் மணலாகத் திரிந்துவிடும், நடுநடுவே தெளிந்த நீர் தெரியும். இல்லையென்றால் ஒரே சீரான சிவப்பாகவே நிற்கும். அந்தத் திரவத்தில் இருப்பவை ஏ-க்கு எதிரான ஆன்டிபாடிகள். ஒவ்வொன்றும் பல அணுக்களைக் கோத்துப் பிடிப்பதால்தான் அது திரிகிறது. ஏ-க்கும் பி-க்கும் உள்ள வித்தியாசம், சிவப்பணுவின் மேலுள்ள சர்க்கரைச் சங்கிலியின் நுனியில் ஒட்டியிருக்கும் ஒரே ஒரு சர்க்கரை மூலக்கூறு. அவ்வளவு நுணுக்கமாகப் பிரித்தறிகிறது உடல். ரத்த வகைகளைக் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் 1901-ல் பிரித்துக் காட்டியதும் இப்படிக் கலந்து பார்த்துத்தான்.

சரி, ஏ வகைக்காரருக்கு வேறு ரத்தமே ஏற்றியதில்லை, பி-க்கு எதிரான ஆன்டிபாடி எங்கிருந்து வந்தது? குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்களின் மேல் இதே சாயலில் சர்க்கரைகள் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துப் பழகியதில் வந்தது. அதனால்தான் குழந்தை இந்த ஆன்டிபாடிகளைத் தானாகத் தயாரிக்கத் தொடங்குவதற்குப் பிறந்து சில மாதங்கள் ஆகின்றன.

கேள்வி: காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறதே, ஏன்? புண் அங்கே இல்லையே?

நோய் எதிர்ப்பு பற்றி எனக்கு ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்ல இடமிருக்கிறது என்றால் இதைத்தான் எடுப்பேன். முழுக்கதையும் இதற்குள் இருக்கிறது.

முள்ளோடு பாக்டீரியாவும் உள்ளே போகிறது. தோலுக்கடியில் எப்போதும் இருக்கும் காவல் அணுக்கள் அதை முதலில் தொடுகின்றன. இது இன்ன கிருமி என்று அவற்றுக்குத் தெரியாது. ஆனால் பாக்டீரியாக்களிடம் மட்டுமே இருக்கும் சில பொதுவான பொருள்கள் தெரியும். சில பாக்டீரியாக்களின் வெளிச்சவ்வில் உள்ள சர்க்கரை கலந்த கொழுப்பு, நீந்துவதற்கு உதவும் வாலின் புரதம் போன்றவை. இவற்றைப் பிடிக்கும் ஏற்பிகளில் டோல் குடும்பத்தைச் சேர்ந்தவை மனிதரிடம் 10 இருக்கின்றன. டோல் என்ற மரபணு பழ ஈயைப் பூஞ்சையிடமிருந்து காப்பாற்றுகிறது என்று ஜூல்ஸ் ஹோஃப்மனின் குழு 1996-ல் காட்டியது. இரண்டே ஆண்டுகளில் புரூஸ் பாய்ட்லரின் குழு அதே குடும்பத்து ஏற்பியை எலியில் கண்டுபிடித்தது. தொட்ட மாத்திரத்தில் காவல் அணுக்கள் ரசாயன அழைப்பு விடுகின்றன. அந்த இடம் சிவந்து, சூடாகி, வீங்குகிறது. ரத்தத்திலிருந்து நியூட்ரோஃபில் அணுக்கள் கூட்டமாக வந்து பாக்டீரியாவைத் தின்கின்றன, தின்றபடியே சாகின்றன. நாம் பிதுக்கி எடுக்கும் சீழில் பெரும்பகுதி அவற்றின் உடல்கள்தான்.

இந்தக் களேபரத்துக்கு நடுவே டென்ட்ரைட்டிக் செல் என்ற கிளை கிளையான அணு ஒன்று அமைதியாக வேறு வேலை செய்கிறது. பாக்டீரியாவை விழுங்கி நொறுக்கி, புரதத் துண்டுகளைத் தன் மேற்பரப்பில் ஏற்றிக்கொண்டு, நிணநீர்க் குழாய் வழியாகத் தொடை இடுக்கிலுள்ள நிணநீர் முடிச்சுக்குக் கிளம்பிவிடுகிறது. இதை 1973-ல் அடையாளம் கண்ட ரால்ஃப் ஸ்டைன்மனுக்கு 2011-ல் நோபல் பரிசு அறிவித்தார்கள். அறிவிப்புக்கு மூன்று நாள் முன்பு அவர் இறந்துபோயிருந்தார்.

ஏன் அவ்வளவு தூரம் போக வேண்டும்? இந்தத் துண்டுகளை அடையாளம் காணும் வெள்ளை அணுக்களுக்கு டி செல் என்று பெயர். ஒரு குறிப்பிட்ட புரதத் துண்டுக்குப் பொருந்தும் டி செல் லட்சத்தில் ஒன்றோ, பத்து லட்சத்தில் ஒன்றோதான். அந்த ஒன்று சரியாகக் கட்டைவிரலுக்கு வந்து சேரட்டும் என்று காத்திருந்தால் ஆள் பிழைக்க முடியாது. டி செல்கள் முடிச்சுக்கு முடிச்சு ஓயாமல் உலாவிக்கொண்டிருப்பதால், துண்டை முடிச்சுக்கே கொண்டுபோய்க் காட்டுவதுதான் நடக்கிற காரியம். பொருந்தும் டி செல் வந்ததும் அங்கேயே நின்று பெருகுகிறது. ஒரு நாளைக்கு இரண்டு முதல் நான்கு தடவை இரட்டிப்பாகும். உங்கள் விரலில் உருண்டையாகத் தட்டுப்படுவது அந்தக் கூட்டம்தான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். துண்டு பொருந்தினால் மட்டும் டி செல் எழுந்துவிடாது. டென்ட்ரைட்டிக் செல் ஆபத்தைத் தொட்டுத்தான் வந்தது என்பதற்கு இரண்டாவது அடையாளத்தையும் காட்ட வேண்டும். ஒரு சாட்சி போதாது. இரண்டாவது சாட்சி இல்லாமல் பொருத்தம் மட்டும் கிடைத்தால் அந்த டி செல் அடங்கிப்போகும் அல்லது அழிந்துபோகும். சில தடுப்பூசிகளில் அலுமினிய உப்பைச் சேர்ப்பதும் இதற்காகத்தான். சுத்தமான புரதத்தை மட்டும் செலுத்தினால் உடல் பெரும்பாலும் பேசாமல் இருந்துவிடும்.

நெறி சில வாரங்களில் தானாகக் கரையும். நான்கு வாரத்துக்கு மேல் நின்றாலோ, வலியில்லாமல் கெட்டியாக வளர்ந்துகொண்டே போனாலோ மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி: இதுவரை உலகத்திலேயே இல்லாத ஒரு புதுக் கிருமி வந்தால் அதற்குப் பொருந்தும் ஆன்டிபாடி எப்படி உருவாகும்? கிருமியைப் பார்த்து அச்செடுத்துக்கொள்ளுமா?

அச்செடுக்கும் என்றுதான் ஒரு காலத்தில் பெரிய விஞ்ஞானிகளே நினைத்தார்கள். உண்மை அதைவிட வியப்பானது. கிருமி வருவதற்கு முன்பே அதற்குப் பொருந்தும் ஆன்டிபாடி உங்களிடம் இருக்கிறது. யாருக்கு என்று தெரியாமலே உடல் கோடிக்கணக்கான வடிவங்களைச் செய்து வைத்திருக்கிறது. ஆன்டிபாடி செய்யும் வெள்ளை அணுக்களான பி செல்கள் ஒவ்வொன்றும் ஒரே ஒரு வடிவத்தைத் தாங்கி நிற்கிறது. கிருமி வரும்போது எது பொருந்துகிறதோ அந்த பி செல் மட்டும் பெருகுகிறது. 1957-ல் மெக்ஃபார்லேன் பர்னெட் முன்வைத்த கருத்து இது.

ஒரு சிக்கல். மனிதரிடம் புரதம் செய்யும் மரபணுக்கள் மொத்தமே 20,000 அளவில்தான் இருக்கின்றன. கோடி வடிவத்துக்குக் கோடி மரபணு எங்கே? சுசுமு டோனெகாவா 1976-ல் எலிக் கருவின் டி.என்.ஏ-வையும் ஆன்டிபாடி செய்யும் அணுவின் டி.என்.ஏ-வையும் ஒப்பிட்டுப் பார்த்தார். கருவில் தள்ளித் தள்ளி இருந்த துண்டுகள் இங்கே ஒட்டிக் கிடந்தன. அணு தன் டி.என்.ஏ-வையே வெட்டி ஒட்டிக்கொள்கிறது! ஆன்டிபாடியில் கனமானது, இலேசானது என்று இரண்டு வகைப் புரதச் சங்கிலிகள் உண்டு. கனமான சங்கிலிக்கு மூன்று தொகுப்புகளிலிருந்து ஒவ்வொரு துண்டு எடுக்கிறது. முதல் தொகுப்பில் 40 அளவில், இரண்டாவதில் 23, மூன்றாவதில் 6. பெருக்கினால் 5,520. இலேசான சங்கிலியில் இன்னும் 300 வகைக்கு மேல். இரண்டையும் பெருக்கினால் 15 லட்சத்தைத் தாண்டுகிறது. போதாதற்கு, ஒட்டும் இடத்தில் சில டி.என்.ஏ எழுத்துகளைக் குத்துமதிப்பாகச் சேர்த்தும் நீக்கியும் விடுகிறது. அதற்கு மேல் கணக்கே கிடையாது.

கிருமி வந்த பிறகும் வேலை முடிவதில்லை. பொருந்திய பி செல் பெருகும்போது ஆன்டிபாடி மரபணுவில் மட்டும் வேண்டுமென்றே பிழை விடுகிறது. பிழையால் பிடிப்பு இறுகியதா, அது பிழைக்கும். தளர்ந்ததா, செத்துப்போகும். நிணநீர் முடிச்சுக்குள் இந்தத் தேர்வு நாள்கணக்கில் நடக்கிறது. நோய் தொடங்கி வாரங்கள் கழித்துக் கிடைக்கும் ஆன்டிபாடி முதல் வாரத்ததைவிட இறுக்கமாகப் பிடிப்பது இதனால்தான்.

கேள்வி: ஆன்டிபாடிதான் இருக்கிறதே, டி செல் எதற்கு?

ஆன்டிபாடி வெளியில்தான் வேலை செய்யும், அதாவது ரத்தத்திலும் சளிச்சவ்விலும். வைரஸ் அணுவுக்குள் புகுந்துவிட்டால் அதற்கு எட்டாது. அதற்காக நம் உடலின் அணுக்கள் எல்லாமே பெரும்பாலும் ஒரு வழக்கம் வைத்திருக்கின்றன. உள்ளே செய்யும் புரதங்களிலிருந்து 8 முதல் 10 அமினோ அமில நீளத்துக்குத் துண்டு நறுக்கி, எச்.எல்.ஏ என்ற ஏந்தியில் வைத்து வெளியே நீட்டும். டி செல் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டே போகும். வைரஸ் துண்டு தட்டுப்பட்டால் அந்த அணுவைக் கொன்றுவிடும்.

துண்டு மட்டும் சரியாக இருந்தால் போதாது, அதை ஏந்தியிருப்பதும் தன்னுடைய ஏந்தியாக இருக்க வேண்டும் என்று 1974-ல் ரோல்ஃப் சிங்கர்நாகலும் பீட்டர் டோஹர்ட்டியும் எலிகளில் காட்டினார்கள். 1996-ல் நோபல் பரிசு பெற்றார்கள். இந்த ஏந்தி ஆளுக்கு ஆள் மாறுவதுதான் உறுப்பு மாற்றத்தில் பொருத்தம் பார்ப்பதற்குக் காரணம்.

கேள்வி: குத்துமதிப்பாக வடிவம் செய்தால் நம் உடம்புக்கே பொருந்துவதும் வந்துவிடாதா?

வரும். நிறையவே வரும். அதனால் டி செல்களுக்கு நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்ற உறுப்பில் கடுமையான தேர்வு நடக்கிறது. நூற்றுக்கு 95-க்கு மேல் அங்கேயே இறந்துபோகின்றன. தைமஸ் அணுக்கள் ஏர் என்ற மரபணுவின் உதவியால் கணையத்தில் மட்டும் இருக்க வேண்டிய இன்சுலின் போன்ற புரதங்களையும் கொஞ்சம் செய்து காட்டுகின்றன. அவற்றை இறுக்கப் பிடிக்கும் டி செல் பெரும்பாலும் அங்கேயே முடிந்தது. ஏர் பழுதாகப் பிறந்தவர்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சுரப்பிகளை உடலே தாக்கும் நோய் வருகிறது.

தேர்வில் தப்பி வெளியே வருபவையும் உண்டு. அவற்றை அடக்குவதற்கென்றே ஒரு வகை டி செல் இருக்கிறது என்று ஷிமோன் சகாகுச்சி 1995-ல் சொன்னபோது பலர் நம்பவில்லை. 2001-ல் மேரி பிரன்கோவும் பிரெட் ராம்ஸ்டெலும் ஃபாக்ஸ்பி3 என்ற மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். இந்த அடக்கும் செல்களை இயக்குவதே அதுதான் என்று பிறகு தெளிவானது. மூவருக்கும் 2025-ல் நோபல் கிடைத்தது.

இவ்வளவு காவலையும் ஏமாற்றுவது ஒப்புமை. தொண்டையில் வரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவின் ஒரு புரதம் இதயத் திசுவைப் போல இருப்பதால், அதைத் தாக்க வந்தவை சில வாரம் கழித்து இதய வால்வையும் தாக்குகின்றன. அதுதான் வாதக் காய்ச்சல். அந்தத் தொண்டை வலிக்கு மருத்துவர் பத்து நாள் பென்சிலின் எழுதினால் இரண்டாம் நாளே வலி போய்விட்டது என்று நிறுத்தாதீர்கள். பத்து நாளும் கொடுங்கள்.

கேள்வி: தட்டம்மை வாழ்நாளில் ஒரு முறைதான் வருகிறது. புளூ மட்டும் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

ஒருமுறை வந்த கிருமியை நினைவு செல்கள் என்ற வெள்ளை அணுக்கள் ஞாபகம் வைத்திருக்கும். புளூ திரும்ப வருவது அந்த நினைவு மறப்பதால் இல்லை, புளூவின் முகம் மாறுவதால். அதன் மேற்பரப்புப் புரதம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரிந்துகொண்டே போகும். தட்டம்மை வைரஸால் அப்படி மாறித் தப்பிக்க முடிவதில்லை. 1954-ல் பிரித்தெடுத்த வைரஸிலிருந்து வந்த தடுப்பூசி இன்றும் வேலை செய்கிறது. 1846-ல் ஃபாரோ தீவுகளில் தட்டம்மை பரவியபோது, 65 ஆண்டுகளுக்கு முன் 1781-ல் வந்து பிழைத்த முதியவர்கள் யாருக்கும் மறுபடி வரவில்லை என்று பீட்டர் பானும் என்ற இளம் மருத்துவர் பதிவு செய்தார்.

ஆனால் தட்டம்மையை வந்துபோகட்டும் என்று விடக்கூடாது. அது நினைவு செல்களையே அழிக்கிறது. தடுப்பூசி போடாத குழந்தைகளிடம் 2019-ல் செய்த ஆய்வில், மற்ற கிருமிகளுக்கு எதிராக அவர்கள் சேர்த்திருந்த ஆன்டிபாடிகளில் 11 முதல் 73 சதவீதம் வரை தட்டம்மைக்குப் பின் காணாமல் போயிருந்தது.

கேள்வி: ரிப்போர்ட்டில் ஐ.ஜி.எம். பாசிட்டிவ், ஐ.ஜி.ஜி. நெகட்டிவ் என்றால்?

இரண்டும் ஆன்டிபாடி வகைகள். முதலில் வருவது ஐ.ஜி.எம். பிடி தளர்வு, ஆனால் பத்துக் கை. பின்னால் வந்து நீண்ட நாள் நிற்பது ஐ.ஜி.ஜி. அதனால் உங்கள் ரிப்போர்ட் புதுத் தொற்றாக இருக்கலாம் என்று சொல்கிறது. ஐ.ஜி.எம். பொய்யாகவும் பாசிட்டிவ் காட்டும். அறிகுறியோடு சேர்த்துப் பார்த்து மருத்துவர்தான் முடிவு சொல்ல வேண்டும்.

கேள்வி: போன முறை பென்சிலின் போட்டபோது ஒன்றும் ஆகவில்லை. இந்த முறை உடம்பெல்லாம் தடித்துவிட்டது. மருந்து மாறியிருக்குமோ?

மருந்து மாறவில்லை, உங்கள் உடல் மாறியிருக்கலாம். பென்சிலின் மிகச் சிறிய மூலக்கூறு. தனியாக இருந்தால் உடல் அதைக் கண்டுகொள்ளாது. ரத்தப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டால் புதுப் பொருளாகத் தெரியும். முதல் முறை அதற்கு எதிராக ஐ.ஜி.ஈ. வகை ஆன்டிபாடி உருவாகி, தோலிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள மாஸ்ட் செல்கள் என்ற காவல் அணுக்களின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. அப்போது உங்களுக்கு எதுவுமே தெரிந்திருக்காது. இரண்டாம் முறை மருந்து வந்து பக்கத்துப் பக்கத்து ஐ.ஜி.ஈ-க்களை இணைத்ததும், அந்தச் செல்கள் தடிப்பை உண்டாக்கும் ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தைக் கொட்டிவிட்டன.

தடிப்போடு மூச்சுத் திணறலோ மயக்கமோ வந்தால் அவசரம். அதற்கு முதல் மருந்து தொடையில் போடும் அட்ரினலின், அலர்ஜி மாத்திரை இல்லை. மருந்தின் பெயரையும் தேதியையும் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். உண்மையிலேயே அலர்ஜியா என்று பிறகு பரிசோதித்துக்கொள்வதும் அவசியம்.

கேள்வி: எனக்கு 11 வயது. கையில் ஊசி போட்டார்கள், அக்குளிலும் வலிக்கிறது. ஏன்?

ஊசி போட்ட இடத்திலிருந்து டென்ட்ரைட்டிக் செல்கள் கிளம்பி உன் அக்குளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன, கண்ணா. பொருந்தும் டி செல்லை அங்கே தேடிக்கொண்டிருக்கின்றன. இரண்டு மூன்று நாளில் வலி குறைந்துவிடும். அதற்குப் பிறகும் அங்கே வேலை நடந்துகொண்டுதான் இருக்கும்.