காவல் நிலையத்திலிருந்து திரும்பிய துப்பாக்கி: பூட்டை மாற்ற வேண்டுமா?

கேள்வி: வாடிப்பட்டிப் பக்கம், சிறுமலை அடிவாரத்தில் எங்களுக்குத் தோட்டம் இருக்கிறது. பயிர்ப் பாதுகாப்புக்காக அப்பா காலத்திலிருந்து உரிமத்தோடு ஒரு கேப்புத் துப்பாக்கி (குழல் வாயில் மருந்து இடித்து, கேப்பு வைத்துச் சுடுவது) வைத்திருக்கிறோம். தேர்தலை முன்னிட்டுக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துச் சில மாதம் கழித்து வாங்கிவந்தேன். இப்போது குதிரை (கேப்பை அடிக்கும் சுத்தி) மந்தமாக விழுகிறது, விசையும் கனக்கிறது. பழுது பார்ப்பவர் ஒருவர், குதிரையை இயக்கும் உறுப்புகள் அடங்கிய பூட்டு முழுவதையும் மாற்ற வேண்டும் என்கிறார். மாற்றிவிடலாமா ஐயா?

பதில்: இப்போதைக்குப் பணத்தை எடுக்காதீர்கள். தேய்மானம் என்பது ஆண்டுக்கணக்கில் வருவது. சும்மா கிடந்த சில மாதத்தில் வந்தது பெரும்பாலும் அழுக்கும் துருவும்தான்.

ஒப்படைப்பதற்கு முன் சுத்தம் செய்தீர்களா? கருமருந்து (குழலில் இடிக்கும் வெடிமருந்து) எரிந்த பிறகு அதன் எடையில் பாதிக்கு மேல் திடக் கசடாக மிஞ்சுகிறது. அந்தக் கசடு உப்புத்தன்மை கொண்டது, காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஒவ்வொரு முறை சுடும்போதும் நிப்பிள் (கேப்பு மாட்டும் துளையுள்ள குமிழ்) வழியாகப் புகை பூட்டுக்குள்ளும் புகுகிறது. ஐப்பசி அடைமழையில் அப்படியே கிடந்தால் கேட்க வேண்டுமா? நம் ஊரில் பலர் நல்லெண்ணெய் வேறு விடுகிறார்கள். அது நாளாக ஆகப் பிசினாக இறுகிக் குதிரையைப் பிடித்துக்கொள்ளும்.

எதற்கும் முன், குழலில் மருந்து இல்லை என்று உறுதிசெய்யுங்கள். இடிகம்பியை உள்ளே விட்டு, வாய் விளிம்பில் அடையாளமிட்டு, வெளியே குழலோடு ஒட்டிவைத்துப் பாருங்கள். கம்பி நிப்பிள் இருக்கும் இடம்வரை எட்டாவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. அப்படியானால் கைவைக்காமல் உரிமம் பெற்ற பழுது பார்ப்பவரிடம் போங்கள்.

காலியாக இருந்தால், காசில்லாத ஒரு சோதனை. பூட்டைப் பிடித்திருக்கும் பக்கத் திருகாணியைக் கால் சுற்று தளர்த்திவிட்டு, கட்டைவிரலால் பிடித்தபடியே குதிரையை ஏற்றி இறக்குங்கள். இலகுவாக ஓடினால் பூட்டில் குறையே இல்லை. அளவுக்கு மேல் முறுக்கியதால் தகடு வளைந்து உள்ளுறுப்புகளை நெரித்திருக்கிறது. மழையில் துப்பாக்கியின் மரக்கட்டை உப்பி விசையை உரசினாலும் இதே கனம் தெரியும். மரத்தில் பளபளப்பாகத் தேய்ந்த தடம் அதைக் காட்டிக்கொடுக்கும்.

அப்படியும் ஓடாவிட்டால், குதிரையை அரை ஏற்றத்தில் (பாதி இழுத்து நிற்கும் நிலையில்) நிறுத்தி, திருகாணிகளைப் பாதி கழற்றி அவற்றின் தலையை மெல்லத் தட்டினால் பூட்டு வெளியே வரும். நெம்பாதீர்கள், கட்டை பிளக்கும். பெரிய வில் (மெயின் ஸ்பிரிங்) ஒன்றை மட்டும் கழற்றவே வேண்டாம். அதற்குரிய கவ்வி இல்லாமல் கழற்றினால் முறியும், இல்லையென்றால் தெறித்து முகத்தில் அடிக்கும். பூட்டை அப்படியே வெந்நீரில் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். கருமருந்துக் கசடைக் கரைக்க வெந்நீரே போதும். இறுகிய எண்ணெய்க்கு மண்ணெண்ணெய். உடனே வெயிலில் ஈரம் துளியும் இல்லாமல் உலர்த்தி, அச்சிலும் வில் உரசும் இடத்திலும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். கூடுதலானால் கட்டைக்குள் இறங்கி மரத்தை இளக்கிவிடும். ஆக, நீங்கள் வாங்க வேண்டியது அந்த எண்ணெயும், திருகாணி வெட்டில் சரியாகப் பொருந்தும் திருப்புளியும் மட்டுமே.

மாட்டிய பின், மருந்தும் கேப்பும் இல்லாமல், அரை ஏற்றத்தில் விசையை இழுத்துப் பாருங்கள். கட்டைவிரல் குதிரைமேலேயே இருக்கட்டும். குதிரை நழுவினால் அந்தத் துப்பாக்கியைப் பயன்படுத்தவே கூடாது. குதிரையைத் தாங்கும் வெட்டை அரத்தால் ராவிச் சரிசெய்கிறேன் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். கடினப்படுத்திய மேல்தோல் மெல்லியது. அது போனால் பூட்டே போயிற்று.

அந்த நிலையில் செலவு செய்துதான் ஆக வேண்டும். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி, துப்பாக்கி பழுது பார்க்கும் தொழிலுக்கும் உரிமம் வேண்டும். உங்களிடம் பூட்டை மாற்றச் சொன்னவரிடம் முதலில் அதைக் கேளுங்கள். துப்பாக்கி எண்ணும் மாற்றிய உறுப்பின் பெயரும் எழுதிய ரசீதை வாங்குங்கள். கழற்றிய பழைய உறுப்பையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.