31 விழுக்காடு: கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு வணக்கம்.

திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தாத்தா தொடங்கிய பாத்திரக் கடைக்கு இந்த ஆண்டோடு 75 வயது நிறைகிறது. வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்க ஒரு மலர் அச்சிடலாம் என்று முடிவு செய்து, கடலூரைப் பற்றி நான்கு கட்டுரைகள் எழுதித் தரும்படி புதுச்சேரியிலிருக்கும் ஃப்ரீலான்ஸ் எழுத்தாளர் ஒருவரிடம் பேசினோம். பாடலீசுவரர் கோயில், தேவனாம்பட்டினம் கோட்டை, பழைய துறைமுகம், தானே புயல் ஆகியவை தலைப்புகள். மொத்தம் 30,000 ரூபாய். பாதியை முன்பணமாகக் கொடுத்துவிட்டோம். ஆய்வு மாணவனாக இருக்கும் என் தங்கை மகன் முதல் இரண்டு கட்டுரைகளையும் எழுத்துத் திருட்டைக் கண்டுபிடிக்கும் மென்பொருளில் போட்டுப் பார்த்தான். கோயில் கட்டுரைக்கு 31 விழுக்காடு என்றும் கோட்டைக் கட்டுரைக்கு 2 விழுக்காடு என்றும் வந்தது. முன்னது திருட்டு, பின்னது சுத்தம், ஆகவே மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள் என்கிறான் அவன். இரண்டுமே ஏஐ எழுதியது போலிருக்கிறது என்கிறார் என் மனைவி. எழுத்தாளரோ எல்லாம் தம் சொந்த எழுத்தே என்று உறுதியாகச் சொல்கிறார். அவரை அவமதிக்கவும் மனமில்லை, நாலு பேர் சிரிக்கும்படி ஒன்றை அச்சிடவும் மனமில்லை. கட்டுரைகளையும் அறிக்கையையும் இணைத்திருக்கிறேன். இதை எப்படி மதிப்பிடுவது?

ஒரு வாசகர், கடலூர்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டு கட்டுரைகளையும் அறிக்கையோடு வைத்துப் படித்தேன். உங்கள் தங்கை மகன் சொன்ன முடிவை ஏறக்குறையத் தலைகீழாக்க வேண்டியிருக்கிறது. 31 விழுக்காடு வாங்கிய கோயில் கட்டுரையில் பெரும்பகுதி குற்றமற்றது. 2 விழுக்காடு வாங்கிய கோட்டைக் கட்டுரையைத்தான் நீங்கள் கேள்வி கேட்க வேண்டும்.

அந்த மென்பொருள் செய்வது ஒரே ஒரு வேலை. கொடுத்த எழுத்தைச் சொற்கோவைகளாக நறுக்கி, தன்னிடம் சேமிப்பில் இருப்பவற்றோடும் இணையத்தில் எட்டக்கூடியவற்றோடும் ஒப்பிட்டு, ஒத்துப்போகும் இடங்களுக்குச் சிவப்பு அடிக்கிறது. இதே சொற்கள் இதே வரிசையில் வேறெங்கோ இருக்கின்றன என்பதற்கு மேல் அதற்கு எதுவும் தெரியாது. அந்த எண்ணை மட்டும் கொண்டு தீர்ப்புச் சொல்வது, பலாப்பழத்தைத் தராசில் வைத்துப் பழுத்துவிட்டதா என்று கேட்பதற்குச் சமம். ஆய்வு மாணவர் என்பதால் உங்கள் தங்கை மகனுக்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2018 இல் வெளியிட்ட விதிகள் மனத்தில் இருந்திருக்கலாம். அந்த விதிகளே மேற்கோள்களையும் நூற்பட்டியலையும் கணக்கில் சேர்க்கக் கூடாது என்கின்றன. பொது அறிவுச் செய்திகளிலும் வழக்கமான தொடர்களிலும் தொடர்ந்து 14 சொற்கள் வரை ஒத்துப்போவதை விட்டுவிடச் சொல்கின்றன. (பதினான்கு என்பது ஆங்கிலத்தை மனத்தில் வைத்துப் போட்ட கணக்கு என்றே எனக்குத் தோன்றுகிறது, வேற்றுமையும் துணைவினையும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடும் தமிழில் பதினான்கு சொற்களுக்குள் இரண்டு முழு வாக்கியங்கள் முடிந்துவிடும்.) மேலும் அந்த விதிகளின்படி 10 விழுக்காட்டுக்கு மேல் 40 வரை முதல் நிலைதான், அந்த நிலையிலுள்ள மாணவரிடம் திருத்தி மறுபடி கொடுக்கத்தான் சொல்கிறார்கள்.

உங்கள் அறிக்கையில் மேற்கோள்களை நீக்கும் வசதி பயன்படுத்தப்படவில்லை. கோயில் கட்டுரையில் சிவந்திருப்பவற்றுள் முக்கால் பங்கு, திருப்பாதிரிப்புலியூர் இறைவன்மீது அப்பர் பாடிய பதிகத்தின் பாடல்கள். அவை நூற்றுக்கணக்கான இணையப் பக்கங்களில் இருக்கின்றன, இருக்கத்தான் வேண்டும். எழுத்தாளர் அவற்றை மேற்கோள் குறிக்குள் இட்டு, யார் பாடியவை என்றும் சொல்லியிருக்கிறார். எஞ்சிய சிவப்பு கல்வெட்டு வாசகங்களிலும், அறநிலையத் துறை போன்ற அலுவலகப் பெயர்களிலும், எல்லாத் தலவரலாறுகளிலும் வரும் வழக்கமான தொடர்களிலும் விழுந்திருக்கிறது.

ஆயினும் அந்தக் கட்டுரையில் சிவக்காத ஒரு பத்தி என் கண்ணில் பட்டது. கல்லில் கட்டிக் கடலில் எறியப்பட்ட அப்பர் கரையேறிய கதையைச் சொல்லும் பத்தியில், "காலத்தில்" என்று வரவேண்டிய இடம் இரண்டு முறை "கரலத்தில்" என்று வந்திருக்கிறது. விசைப்பலகையில் தமிழ் அடிக்கும் எவருக்கும் இந்தப் பிழை எளிதில் நேராது. துணைக்கால் தட்டும் கை ரகரத்தைத் தட்டுவதில்லை. அச்சுப் பக்கத்தைப் படமெடுத்து, அதிலிருந்து எழுத்துகளைப் பிரித்தெடுக்கும் மென்பொருள்தான் துணைக்காலையும் ரகரத்தையும் இப்படிக் குழப்பிக்கொள்ளும். ஆகவே அந்தப் பத்தி ஏதோ ஒரு பழைய அச்சு நூலிலிருந்து அப்படியே வந்து இறங்கியிருக்கிறது என்று கொள்ள இடமிருக்கிறது. மென்பொருள் இதைப் பிடிக்காததற்குக் காரணம் உண்டு. தமிழ் அச்சு நூல்களில் மிகப் பல இன்னும் வெறும் படங்களாகவே ஸ்கேன் செய்து வைக்கப்பட்டுள்ளன. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் உள்ளிட்ட பக்கங்களும் ஏராளம். அவற்றுள் எதுவும் இந்த ஒப்பீட்டுக்குள் வராது. வந்தாலும், "இருந்தது" என்பதைக் "காணப்பட்டது" என்று மாற்றி, இரண்டு சொற்களைப் புணர்த்தி எழுதினால், ஒப்பீடு அந்த இடத்திலேயே அறுந்துபோகும்.

இனி கோட்டைக் கட்டுரை. இதில் செஞ்சி "ஜிஞ்சி" என்றும், பரங்கிப்பேட்டை "போர்ட்டோ நோவோ" என்றும், திருவதிகை "ட்ரிவாடி" என்றும் வருகின்றன. புதுச்சேரியில் வாழ்ந்துகொண்டு செஞ்சியை ஜிஞ்சி என்று எழுதும் தமிழரை நான் இதுவரை கண்டதில்லை. அதைவிட முக்கியமான தடயம் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. "இம்மாவட்டத்தின் வடக்கே உள்ள திண்டிவனம் வட்டம்" என்று நிகழ்காலத்தில் ஒரு வாக்கியம். கடலூரும் அடங்கியிருந்த பழைய தென்னார்க்காடு மாவட்டம் 1993 இல் பிரிக்கப்பட்டபோது திண்டிவனம் விழுப்புரத்தோடு போய்விட்டது. பிரிவினைக்கு முன் எழுதப்பட்ட ஒன்றைக் கண்ணால் படிக்காமல் கையால் மட்டும் பெயர்த்தவர்தான் இன்று இப்படி எழுத முடியும். ஒரே பிழை இரண்டு ஏடுகளில் இருந்தால் ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டிருக்கலாம், அல்லது இரண்டுக்கும் ஒரே மூல ஏடு இருந்திருக்கலாம் என்று சுவடிப் பதிப்பாளர்கள் முடிவு செய்வார்கள். நல்ல செய்தி எங்கிருந்தும் கிடைக்கும். அரிய பிழை வந்த வழி ஒன்றாகத்தான் இருக்கும்.

தென்னார்க்காட்டைப் பற்றி 1878 இல் வெளிவந்த கார்ஸ்டினின் மாவட்டக் கையேடு, 1906 இல் வந்த பிரான்சிஸின் கெஜட்டியர் என்னும் மாவட்ட விவர நூல் என இரண்டு ஆங்கில நூல்கள் உண்டு. பின்னர் வந்த பல நூல்களுக்கு அவைதாம் மூலம். இந்தக் கட்டுரை அவற்றுள் ஒன்றிலிருந்தோ, அவற்றைப் பின்பற்றிய வேறொன்றிலிருந்தோ மொழிபெயர்க்கப்பட்டிருக்கும் என்பது என் ஊகம். ஊகம் என்றே சொல்கிறேன். ஆங்கிலப் பக்கத்தையும் தமிழ்ப் பக்கத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் அது முடிவாகும், அதை நீங்களே செய்துவிடலாம். செய்திகள் ஒத்துப்போவதைக் குற்றமாக எண்ண வேண்டாம். கோட்டை இருந்த இடத்தை ஆங்கிலேயர் 1690 இல் மராட்டியரிடமிருந்து வாங்கியதும், 1746 இல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசமான பிறகு தேவனாம்பட்டினமே ஆங்கிலேயரின் தலைமையிடம் ஆனதும், 1758 இல் பிரெஞ்சுத் தளபதி லாலி அதைப் பிடித்து இடித்ததும் எவருடைய சொத்தும் அல்ல. கருத்துக்கும் வரலாற்றுச் செய்திக்கும் பதிப்புரிமை இல்லை, அவற்றை ஒருவர் சொல்லும் வடிவத்துக்கே உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் 1978 இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் தெளிவாக்கிவிட்டது. நீங்கள் பார்க்க வேண்டியது வரிசையை. எந்தச் செய்திக்குப் பின் எது வருகிறது, எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள், எந்த இடத்தில் நூலாசிரியரின் சொந்த அபிப்பிராயம் நுழைகிறது என்பவை நான்கைந்து பத்திகளுக்கு விடாமல் ஒத்துப்போனால், சொற்கள் முழுவதும் தமிழாக இருந்தாலும் அது அவருடைய கட்டுரை ஆகாது.

அந்தப் பழைய ஆங்கில நூல்கள் பதிப்புரிமைக் காலத்தைக் கடந்தவை. எனவே அவற்றிலிருந்து எடுப்பது சட்டப்படி குற்றமில்லை என்று எழுத்தாளர் வாதிடலாம், அந்த வாதமும் சரியானதே. ஆனால் நீங்கள் அவரிடம் மொழிபெயர்ப்புக் கேட்கவில்லை, அவரும் மொழிபெயர்ப்பு என்று சொல்லித் தரவில்லை. சட்டம் கேட்காத இடத்திலும் பெயர் சொல்ல வேண்டிய கடன் எழுதுபவருக்கு இருக்கிறது.

கோட்டைக் கட்டுரையில் எனக்கு உண்மையில் வருத்தம் தந்தது வேறொன்று. 1690 இல் நடந்த விற்பனையில், கோட்டையிலிருந்து சுடும் பீரங்கிக் குண்டு விழும் தூரம் வரையிலான ஊர்கள் சேர்ந்தே வந்தன என்ற செய்தியைக் கட்டுரை சொல்கிறது, சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறது. கடலூரில் குண்டு உப்பலவாடி என்ற ஊர் இன்றும் இருக்கிறது! தேவனாம்பட்டினத்துக்கு ஒருமுறை பேருந்தில் போய் வந்தவர்கூட இந்த இரண்டையும் இணைத்திருப்பார். அதேபோல 1746 ஆம் ஆண்டைப் பற்றி எழுதும்போது, 1736 முதல் 1761 வரை புதுச்சேரியிலிருந்து தமிழிலேயே எழுதப்பட்ட ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை ஒருவர் புரட்டாமல் விட்டது எனக்கு விளங்கவில்லை. ஆனால் இவை உழைப்புக் குறைவுக்குச் சான்றுகள், திருட்டுக்குச் சான்றுகள் ஆகமாட்டா. உழைக்காதவருக்குக் கட்டுரையைத் திருப்பி அனுப்பலாம். திருடியவர் என்று ஒருவரைச் சொல்வதற்கு அருகருகே வைத்த இரண்டு பக்கங்கள் வேண்டும்.

உங்கள் மனைவியின் ஐயத்தைப் பொறுத்தவரை, ஏஐ எழுதியதைக் கண்டுபிடிக்கும் கருவிகளை நம்பாதீர்கள். ஓப்பன்ஏஐ நிறுவனமே தான் வெளியிட்ட அத்தகைய கருவியை, துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆங்கிலத்தில் இயந்திரம் எழுதியவற்றில் 26 விழுக்காட்டைத்தான் அது சரியாகக் கண்டது, மனிதர் எழுதியவற்றில் 9 விழுக்காட்டைத் தவறாகப் பழித்தது. தமிழில் அதைவிட நன்றாக இருக்கும் என்று எதிர்பார்க்கக் காரணமில்லை. அதற்குப் பதிலாகக் கட்டுரையின் அடியில் கொடுத்திருக்கும் நூல்களில் இரண்டைத் தேடிப் பாருங்கள். இல்லாத நூலுக்குப் பெயரும் ஆண்டும் பக்க எண்ணும் தந்துவிடுவது இயந்திரங்களிடம் பலமுறை கண்ட வழக்கம்.

அவரோடு பேசும்போது சதவீதத்தையும் திருட்டு என்ற சொல்லையும் எடுக்க வேண்டாம். வீட்டுக்கோ கடைக்கோ அழைத்து உட்கார வைத்து, எந்தெந்த நூல்களைப் பார்த்தீர்கள், குறிப்பேடு இருக்கிறதா, புதுச்சேரியின் ரோமன் ரோலண்ட் நூலகத்துக்கோ பிரெஞ்சு நிறுவனத்தின் நூலகத்துக்கோ போனீர்களா, திண்டிவனம் எப்படி நம் மாவட்டத்துக்குள் வந்தது என்று கேளுங்கள். கூகுள் டாக்ஸில் எழுதியிருந்தால் அதன் பழைய பதிப்புகளைக் காட்டச் சொல்லலாம். கட்டுரை வாக்கியம் வாக்கியமாக வளர்ந்ததா, ஒரே நொடியில் நான்கு பக்கம் வந்து விழுந்ததா என்பது அதில் தெரியும். காகிதத்தில் எழுதிப் பிறரிடம் தட்டச்சுக்குக் கொடுப்பவர்களுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அப்படியானால் அந்தக் காகிதத்தையே கேட்கலாம். தானே எழுதியவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படலாம், ஆனால் பதிலில்லாமல் தவிக்கமாட்டார். பெரும்பாலும் நீங்கள் கேட்டதற்கு மேலேயே பேசுவார்.

பணத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஒரு கட்டுரைக்கு 7,500 ரூபாய் என்பது நூலகத்துக்கும் ஊருக்கும் பலமுறை அலைந்து எழுதுவதற்கான கூலி அன்று. அது அவர் செய்ததை நியாயமாக்காது. என்றாலும் அடுத்த முறை நீங்கள் நினைவில் கொள்ள வேண்டியது. இப்போதைக்குக் கோயில் கட்டுரையில் அந்த ஒரு பத்தியை மட்டும் மாற்றச் சொல்லிவிட்டு அதற்குரிய தொகையைத் தயங்காமல் கொடுத்துவிடுங்கள். கோட்டைக் கட்டுரையை ஆதாரங்களைக் குறிப்பிட்டு மறுபடி எழுதச் சொல்லி, அதன் தொகையை மட்டும் நிறுத்தி வையுங்கள். நீங்கள் பக்கங்களை ஒப்பிட்டு அவர் பெயர்த்தெழுதியது உறுதியானாலும், அதை அவரிடமே சொல்லிக் கணக்கை முடித்துக்கொள்ளுங்கள். கடலூரிலும் புதுச்சேரியிலும் அச்சகங்களும் எழுதுபவர்களும் ஒருவரையொருவர் அறிந்த சிறு வட்டம், அங்கே ஒருவர்மீது ஒட்டிய சொல் எளிதில் உரியாது.

அச்சுக்குப் போகும் முன் எழுத்தில் ஓர் ஒப்பந்தம் வாங்கிக்கொள்ளுங்கள். 1957 ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, உங்களிடம் சம்பளத்துக்கு வேலை செய்யாத ஒருவர் எழுதிய கட்டுரையின் உரிமை, நீங்கள் பணம் கொடுத்துவிட்டதாலேயே உங்களுடையதாகிவிடாது. அவர் கையெழுத்திட்டு எழுதிக் கொடுத்தால்தான் மாறும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகளுக்கும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள்ளும் மட்டுமே செல்லும். இது தம் சொந்த எழுத்து, பிறரிடமிருந்து எடுத்தவற்றை இன்ன இடத்தில் குறிப்பிட்டுள்ளேன் என்ற உறுதிமொழியும் அதே தாளில் இருக்கட்டும். பதிப்புரிமை உள்ள நூலிலிருந்து ஏதேனும் வந்திருந்தால் வெளியிட்டவர் என்ற முறையில் வழக்கு உங்கள் மீதும் வரும்.

தானே புயல் கட்டுரையில் மீனவர் குப்பங்களைச் சேர்ந்தவர்களின் பேச்சு நிறைய இருக்கும் என்று நினைக்கிறேன். 2011 டிசம்பர் 30 அன்று காலை நடந்ததை அவர்கள் சொன்னதாக அவர் எழுதியிருந்தால், யாரை, எந்தக் குப்பத்தில், எப்போது சந்தித்தார் என்பதை முதலில் கேட்டு வாங்கிக்கொண்டு, பிறகு அந்தக் கட்டுரையை எனக்கு அனுப்புங்கள்.