ஃபேன்ஃபிக் எக்ஸ்சேஞ்சில் கலந்துகொள்வது எப்படி இருக்கும்? இதுவரை தனியாக மட்டுமே எழுதிப் பார்த்த ஒருவர் சேரலாமா?

சேரலாம். சொன்ன தேதிக்குள் ஒரு கதையை முடித்துக் கொடுக்கிற ஆள் நீங்கள் என்றால் தாராளமாகச் சேரலாம். நன்றாக எழுத வருமா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். எக்ஸ்சேஞ்ச் நடத்துபவர்கள் சுமாரான கதையைக் கண்டு பயப்படுவதில்லை. வராமல் போகும் கதைதான் அவர்கள் தூக்கத்தைக் கெடுக்கும்.

இந்தப் பக்கம் புதிதாக வருபவர்களுக்காக ஒரு வார்த்தை. நாவலிலோ படத்திலோ வரும் பாத்திரங்களை வைத்து ரசிகர்கள் எழுதும் கதை ஃபேன்ஃபிக். அதையே ஒருவருக்கொருவர் பரிசாக எழுதிக் கொடுத்தால் எக்ஸ்சேஞ்ச். நீங்கள் ஒருவருக்கு எழுதுவீர்கள், உங்களுக்கு வேறு யாரோ எழுதுவார். உங்களுக்கு எழுதுவது யார் என்பது கதை வெளிவந்த பிறகும் சில நாளைக்கு உங்களுக்குத் தெரியாது.

எனக்குப் பழக்கம் யூல்டைட் என்ற எக்ஸ்சேஞ்ச். 2003-ல் தொடங்கி வருஷா வருஷம் கிறிஸ்துமஸை ஒட்டி நடக்கிறது. ஒரு படைப்பையும் அதைச் சுற்றிக் கூடும் ரசிகர் வட்டத்தையும் ஃபேன்டம் என்பார்கள். ஹாரி பாட்டர், மார்வெல் மாதிரி ஜே ஜே என்று இருக்கும் ஃபேன்டம்களுக்கு இதில் இடமில்லை. அதிகம் பேர் எழுதாத சின்ன ஃபேன்டம்கள் மட்டும்தான். யாரும் மறுபதிப்புப் போடாத துப்பறியும் நாவல், ஒரே சீசனோடு நின்றுபோன தொடர், ஒரு பாட்டு, சில சமயம் ஒரு விளம்பரப் படம்கூட வரும். உலகத்தில் இதை ரசிப்பது நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்த ஒன்றைப் பட்டியலில் வேறு யாரோ சேர்த்திருப்பதைப் பார்க்கும்போது வரும் சந்தோஷம் இருக்கிறதே, அதற்காகவே பலர் வருகிறார்கள்.

நடைமுறை எளிது. செப்டம்பர் வாக்கில் ஃபேன்டம்களைப் பரிந்துரைப்பார்கள், அக்டோபரில் பதிவு. எந்த ஃபேன்டமில் எந்தப் பாத்திரத்தைப் பற்றி உங்களுக்குக் கதை வேண்டும், எதையெல்லாம் எழுத நீங்கள் தயார் என்று இரண்டு பட்டியல் கொடுக்க வேண்டும். இரண்டையும் வைத்துப் பொருத்திப் பார்த்து, உங்களுக்கு ஒருவரை ஒதுக்கி மெயில் வரும். குறைந்தது 1000 சொல். டிசம்பர் நடுவில் கெடு. 25-ஆம் தேதி எல்லாக் கதைகளும் ஒன்றாகத் திறக்கும், ஆனால் எழுதியவர் பெயர் இருக்காது. பெயர்கள் ஜனவரி 1 அன்றுதான் வெளிவரும். இடைப்பட்ட வாரம் முழுக்க, இது யார் நடை, அந்தக் கமாவைப் பார்த்தால் இன்னார் மாதிரி இருக்கிறதே என்று ஊகிப்பதுதான் வேலை.

இதில் நான் எதையாவது கற்றுக்கொண்டேன் என்றால், அது கடிதத்தை வாசிக்கும் வித்தையைத்தான். ஒவ்வொருவரும் தனக்கு எழுதப்போகும் முகம் தெரியாத ஆளுக்கு ஒரு கடிதம் எழுதி வைப்பார்கள். எனக்கு இந்தப் பாத்திரம் ஏன் பிடிக்கும், என்ன மாதிரிக் கதை வந்தால் குதிப்பேன், எது வரவே கூடாது. கடைசியாகச் சொன்னதுதான் சட்டம், வேண்டாம் என்றால் வேண்டாம். மற்றதெல்லாம் விருப்பம், நீங்கள் எடுத்துக்கொள்ளலாம், விடலாம். சிலர் நான்கு பக்கம் எழுதுவார்கள், சிலர் இரண்டே வரியில் முடித்துவிடுவார்கள். நான்கு பக்கக் கடிதம் வந்தால் புதியவர்கள் மிரண்டுபோய், அதில் இருக்கும் அத்தனையையும் ஒரே கதையில் திணிப்பார்கள். தேவையில்லை. அந்த நான்கு பக்கத்தில் அவர் எந்த இடத்தில் மூச்சு விடாமல் பேசுகிறார் என்று பாருங்கள், கதை அங்கேதான் இருக்கிறது.

ஒரு வருஷம் எனக்கு ஒதுக்கப்பட்டவர் கேட்டிருந்தது இரண்டு கிழட்டுத் துப்பறிவாளர்கள் வரும் ஒரு பழைய தொடர்கதை. கடிதத்தில் சதி, கொலை, துப்பு எல்லாவற்றையும் பற்றி ஒழுங்காக ஒரு பத்தி. அப்புறம் அடைப்புக்குறிக்குள், அவர்கள் வீட்டில் யார் சமைப்பார்கள் என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் என்று போகிற போக்கில் ஒரு வரி. வேண்டாத பட்டியலில், நாய் சாகக் கூடாது. நான் கொலையை விட்டுவிட்டுச் சமையலைப் பிடித்துக்கொண்டேன். மழை, வெளியே போக முடியாது, வீட்டில் முட்டையும் வெங்காயமும்தான் இருக்கிறது, இரண்டு பேருக்கும் சமையல் வராது, ஆனால் இரண்டு பேரும் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நாய் கடைசி வரை உயிரோடு இருந்தது, ஆம்லெட்டில் பாதி அதற்குத்தான். கதை திறந்த அன்றைக்கே அவரிடமிருந்து வந்த பின்னூட்டம் கதையில் பாதி நீளம் இருந்தது. கொலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

தனியாக எழுதிப் பதிவிடும்போது நமக்கு ஒரு பொதுவான வாசகர் கூட்டம்தான் மனதில் இருக்கும். கூட்டத்துக்கு எழுதினால் எல்லாவற்றையும் விளக்கத் தோன்றும், பாதுகாப்பாக எழுதத் தோன்றும். ஒரே ஒருவருக்கு என்று ஆகிவிட்டால் அந்தப் பயம் போய்விடுகிறது. அவருக்குக் கதை தெரியும், பாத்திரம் தெரியும், நேராக விஷயத்துக்கு வரலாம். என் எழுத்து மாறியது இதனால்தான் என்று நினைக்கிறேன். எழுத்துப் பட்டறைகளில் இது எனக்குக் கிடைக்கவில்லை.

சரி, யாராவது எழுதாமல் கைவிட்டால்? இங்கேதான் இந்த ஏற்பாட்டின் கெட்டிக்காரத்தனம் தெரியும். ஊரில் ஏலச்சீட்டு பிடிப்பவர் ஒருவர் பணம் கட்டாமல் நின்றாலும் மற்றவர் பங்கு குறையாமல் பார்த்துக்கொள்வார் இல்லையா, அந்த மாதிரி. விலகுபவர் கெடுவுக்கு முன்பே ஒரு பொத்தானை அழுத்தி விலகிக்கொள்ளலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அவர் எழுத வேண்டியிருந்த கதை பிஞ்ச் ஹிட் பட்டியலுக்குப் போகும். அவசரத்துக்கு எழுத முன்வரும் தொண்டர்கள் பாய்ந்து எடுத்துக்கொள்வார்கள். ஒழுங்காக எழுதிக் கொடுத்த யாரும் கிறிஸ்துமஸ் அன்று வெறுங்கையோடு நிற்கக் கூடாது என்பதுதான் விதி. இதற்கு மேல் ட்ரீட் என்று ஒன்று இருக்கிறது. உங்களுக்கு ஒதுக்கப்படாத ஒருவரின் கடிதம் பிடித்துப்போய், கேட்காமலே அவருக்கு ஒரு கதை எழுதிக் கொடுப்பது. 1000 சொல்லுக்குக் குறைவான ட்ரீட்களுக்குத் தனித் தொகுப்பே உண்டு, அதற்கு மேட்னஸ் என்று பெயர். பொருத்தமான பெயர்தான்.

சொல்ல மறந்துவிட்டேன், பீட்டா. பதிவிடும் முன் கதையை வாசித்துத் திருத்தித் தருபவர். ரகசியம் காக்க வேண்டும் என்பதால் பொதுவில் ஆள் தேட முடியாது. பீட்டா பார்க்கத் தயாராக இருப்பவர்களை யூல்டைடில் நீர்யானைகள் என்பார்கள். ஒரு நீர்யானை கிடைக்குமா என்று டிசம்பர் ராத்திரிகளில் ஆள் ஆளுக்குக் கேட்டுக்கொண்டு அலைவதை வெளியாள் பார்த்தால் என்ன நினைப்பாரோ. நம்மைப் போல ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாக எழுதுபவர்களுக்கு நீர்யானை அவசியம். நான் எழுதிய லண்டன் வீட்டில் மொட்டை மாடியில் துணி காய்ந்தது. பீட்டா மிகவும் மரியாதையாக, டிசம்பர் மாதம் லண்டனில் துணி மொட்டை மாடியில் காயாதே என்று ஓரத்தில் எழுதியிருந்தார்.

வாங்கிய பரிசுகளில் எனக்கு மிகப் பிடித்தது பூங்குழலி கதை. மணிரத்னத்தின் பொன்னியின் செல்வன் படங்கள் 2022-லும் 2023-லும் வந்த பிறகு, கல்கியின் பெயரையே கேள்விப்படாதவர்களும் ஆங்கில மொழிபெயர்ப்பை வாங்கி வாசித்துவிட்டு ஃபேன்ஃபிக் பக்கம் வந்தார்கள். பெரும்பாலான கதைகள் நந்தினியைச் சுற்றி, இல்லாவிட்டால் குந்தவையும் வந்தியத்தேவனும். நான் கடிதத்தில் கோடிக்கரை வேண்டும் என்று கேட்டேன். நாவல் வாசித்தவர்களுக்கு நினைவிருக்கும், சதுப்பு நிலத்தில் ராத்திரியில் குபுகுபுவென்று எழும் கொள்ளிவாய்ப் பிசாசுகளைக் காட்டி, இவர்கள்தான் என் காதலர்கள் என்பாள் பூங்குழலி. வந்தியத்தேவன் அதைக் கேட்டு விழிப்பான்.

எனக்கு வந்த கதையில் பூங்குழலி உத்தம சோழனின் பட்டத்து ராணி. அரண்மனையில் கார்த்திகை தீபம். எங்கே பார்த்தாலும் விளக்கு, எல்லாம் வரிசையாக, எல்லாம் அசையாமல். அவளுக்கு எரிச்சலாக இருக்கிறது. வைத்த இடத்தில் நின்று எரியும் நெருப்பு என்ன நெருப்பு என்று சேடியிடம் கேட்கிறாள். சேடிக்குப் புரியவில்லை. எழுதியவர் தமிழர் இல்லை என்பது ஜனவரியில் பெயர் வெளிவந்து, நான் நன்றி சொல்லப் போனபோதுதான் தெரிந்தது. கார்த்திகை தீபம் எந்த மாதம், என்ன எண்ணெய், அகல் எப்படி இருக்கும் என்றெல்லாம் தேடித் தேடிப் படித்தாராம். முகம் தெரியாத எனக்காக. காசு வாங்காமல்.

காசு வாங்காமல் என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தச் சமூகம் நிற்பதே அதன் மேல்தான். யூல்டைட் உட்படப் பல எக்ஸ்சேஞ்சுகள் நடப்பது ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் தளத்தில். சுருக்கமாக ஏஓ3. ரசிகர்களின் கதைகளை வைத்து வேறு யாரோ பணம் பண்ணப் பார்ப்பதும், நிறுவனங்கள் நினைத்த நேரத்தில் கணக்குகளை அழிப்பதும் சகிக்காமல், 2007-ல் ரசிகர்களே லாப நோக்கற்ற அமைப்பு ஒன்றைத் தொடங்கினார்கள். அந்த அமைப்பு நடத்தும் ஏஓ3 2009 நவம்பரில் பொதுவில் திறந்தது. விளம்பரம் கிடையாது, நன்கொடையிலும் தொண்டர்களின் உழைப்பிலும் ஓடுகிறது. 2019-ல் அறிவியல் புனைவு உலகின் ஹ்யூகோ விருது கிடைத்தது. அன்றைக்கு எங்கள் குழுவில் எல்லோரும் தங்களுக்கே விருது கிடைத்த மாதிரி ஆடினோம். தளத்தில் எழுதுகிற ஒவ்வொருவரும் நானும் ஹ்யூகோ வென்றேன் என்று பெருமையடிக்கக் கூடாது என்று பிறகு விருதுக்காரர்கள் சங்கடப்பட்டதெல்லாம் வேறு கதை.

இன்னொருவர் உருவாக்கிய பாத்திரத்தை எடுப்பது தப்பில்லையா என்று என்னிடம் கேட்கும் தமிழ் நண்பர்களுக்கு நான் சொல்வது: கல்கி முடித்த இடத்திலிருந்து விக்கிரமன் நந்திபுரத்து நாயகி எழுதவில்லையா? அதை நம் வீடுகளில் பைண்டு பண்ணி வைத்து வாசித்தார்கள். அது அச்சில் வந்தது, விற்றது. நாங்கள் விற்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆகிவிட்டதால் அந்தப் பக்கம் சட்டத் தலைவலியும் இல்லை.

எல்லாம் இனிப்பு என்று சொல்ல மாட்டேன். ஒரு முறை நான் எழுதிக் கொடுத்த கதைக்கு அதைக் கேட்டவரிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை. மாதக் கணக்கில் உழைத்தது. பல எக்ஸ்சேஞ்சுகளில் நன்றி சொல்வது கட்டாயமில்லை, எதிர்பார்ப்பு மட்டும்தான். கோபம் வந்தது, இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அப்புறம் ஷிப் சண்டைகள். எந்த ஜோடி சரி, எது ஆகாது என்று ஃபேன்டம்களில் நடக்கும் சண்டையைப் பார்த்தால் கல்யாண வீட்டுப் பங்காளிகள் தோற்றார்கள். எக்ஸ்சேஞ்சுக்குள் அது குறைவு, ஏனென்றால் பிடிக்காததை முதலிலேயே வேண்டாம் பட்டியலில் போட்டுவிடலாம். அந்தப் பட்டியலை வெட்கப்படாமல் நிரப்புங்கள். தயவு பார்த்துக் காலியாக விட்டுவிட்டு, பிறகு வந்த கதையைப் பார்த்து முகம் சுளிப்பதுதான் மரியாதைக் குறைவு.

எழுத ஒத்துக்கொள்ளும் ஃபேன்டம்களைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் ஆசைப்படாதீர்கள். பதிவுப் படிவத்தில் எல்லாமே எழுதிவிடலாம் போலத்தான் இருக்கும். டிசம்பர் முதல் வாரத்தில், ஆபீஸில் வருஷக் கடைசி வேலையும் வீட்டில் காய்ச்சலும் சேர்ந்து வரும்போது, மறுபடி வாசிக்க நேரமே இல்லாத எழுநூறு பக்க நாவலிலிருந்து கதை கேட்டு ஒருவர் காத்திருப்பார். வரிக்கு வரி மனதில் நிற்கிற நூல்களை மட்டும் போடுங்கள்.

யூல்டைட் பெரிதாகத் தெரிந்தால் சின்னதில் ஆரம்பிக்கலாம். காதலர் தினத்தை ஒட்டி நடக்கும் சாக்லேட் பாக்ஸில் 300 சொல் போதும். சரியாக 100 சொல்லில் எழுதும் டிராபிள் எக்ஸ்சேஞ்சுகளும் உண்டு, ஆனால் அதை எளிது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கணக்கைச் சொந்தப் பெயரில் திறக்காமல் ஒரு புனைபெயர் வைத்துக்கொள்ளுங்கள், ஆபீஸ் மெயிலைக் கொடுக்காதீர்கள். வயது வந்தோருக்கான கதைகள் நிறைய இருக்கும் இடம் என்பதால் ஒவ்வொரு கதைக்கும் மேலே இருக்கும் ரேட்டிங்கையும் எச்சரிக்கைகளையும் பார்த்துவிட்டுத் திறக்கும் பழக்கம் நல்லது. ஏஓ3-ல் கணக்கு உடனே கிடைக்காது. அழைப்புக்கு மெயில் கொடுத்து வரிசையில் நிற்க வேண்டும். இந்த வருஷமே எழுத எண்ணம் என்றால் செப்டம்பர் வரை காத்திருக்காமல் இப்போதே வரிசையில் போய் நில்லுங்கள்.