மேப்பிள் சாறு ஏன் கலங்குகிறது?

கேள்வி: எங்கள் பின்வளவில் நிற்கும் இரண்டு மேப்பிள் மரங்களில் மூன்று வருடமாகச் சாறு எடுக்கிறோம். மரத்தில் துளையிட்டுச் செருகிய ஸ்பவுட் என்ற சின்னக் குழாயிலிருந்து ஒரு டியூப் நிலத்திலுள்ள வாளிக்குப் போகும். மார்ச் தொடக்கத்தில் தெளிவாக வந்த சாறு, கடைசி வாரத்தில் பால் கலந்த தண்ணீர் போலக் கலங்கியது. அப்புறம் துளையும் வற்றிவிட்டது. பக்கத்து வீட்டு மரம் இன்னும் சொட்டுகிறது. ஊரில் அப்பா கருப்பநீர் (பதநீர்) இறக்கும் முட்டிக்குள் சுண்ணாம்பு பூசுவார். வாளிக்கும் பூசலாமா?
– வாசகி, மார்க்கம்

பதில்: சுண்ணாம்பு வேண்டாம், அக்கா. அப்பா செய்தது அந்த வெயிலுக்குச் சரியான வேலை. சுண்ணாம்பு இல்லாவிட்டால் பனஞ்சாறு சில மணி நேரத்தில் புளித்துக் கள்ளாகிவிடும். மேப்பிள் சாற்றில் சர்க்கரை சுமார் 2 சதவீதம்தான். 40 லிட்டரை 1 லிட்டர் பாணியாக (சிரப்) வற்றக் காய்ச்சும்போது சுண்ணாம்பும் சேர்ந்து செறிந்து அதன் ருசியைக் கெடுத்துவிடும். இங்கே அந்த வேலையைக் குளிர் செய்யவேண்டும்.

மரத்துக்குள் இருக்கும்வரை சாறு சுத்தமானது. துளை, ஸ்பவுட், டியூப், வாளி என்று அது தொடும் இடத்தில்தான் பாக்டீரியா சேர்கிறது. அது சாற்றின் சர்க்கரையை குளுக்கோஸ், பிரக்டோஸ் என்று உடைக்கிறது. அதனால்தான் பருவக் கடைசிப் பாணி கறுத்து, சுவையும் கடுமையாகிறது. துளைக்குள்ளும் அது வழவழப்பாகப் படர்கிறது. மரமும் காயம் பட்டதென்று தன் நாளங்களை அடைக்கத் தொடங்குகிறது. துளை வற்றுவது இப்படித்தான்.

ஒன்ராறியோவின் லனார்க் பக்கம் நண்பர் ஒருவரின் மேப்பிள் காட்டில் 11 வருடமாக வேலை செய்கிறேன். ஒரு வருடம் பாதி மரங்களுக்குப் பழைய ஸ்பவுட்டுகளையே கொதிநீரில் அலசிப் போட்டோம். மார்ச் 20 வாக்கில் அந்த மரங்கள் நின்றுவிட்டன. புதுசு போட்டவை ஏப்ரல் முதல் வாரம்வரை ஓடின. கழற்றிய பழசு ஒன்றை நீளவாக்கில் பிளந்து உள்ளே விரலை ஓட்டினேன். வெண்டைக்காய் வெட்டிய கத்தி போல வழுக்கியது. வெளியே பார்க்க அது பளிச்சென்றுதான் இருந்தது! அன்றிலிருந்து வருடா வருடம் புது ஸ்பவுட்தான். நீங்கள் எதில் மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள்.

உங்கள் டியூப்பில் இன்னொரு விஷயம் உண்டு. பகல் சூட்டில் வெளியே தள்ளும் மரம், இரவு உறையத் தொடங்கும்போது உள்ளே இழுக்கும். டியூப்பில் நிற்கும் பழைய சாறு கிருமியோடு துளைக்குள் திரும்பப் போகும். டியூப்பின் நுனி வாளிச் சாற்றில் அமிழ்ந்திருந்தால் இன்னும் மோசம். நுனியைச் சாற்றுக்கு மேலே நிறுத்துங்கள். வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் பிராக்டர் மேப்பிள் ஆய்வு மையத்தில் இதற்காகவே ஒரு ஸ்பவுட் உருவாக்கினார்கள், 2010 வாக்கில் கடைக்கு வந்தது. உள்ளே ஒரு சின்ன உருண்டை இருக்கும். சாறு பின்னால் போகப் பார்த்தால் அது வழியை அடைத்துவிடும்.

வாளியைத் தினமும் காலி செய்யுங்கள். சாற்றை நிழலில், சுற்றிலும் பனி குவித்து, 4 டிகிரிக்குக் கீழே வைத்து, ஓரிரு நாளில் காய்ச்சிவிடுங்கள். லேசாகக் கலங்கியதைக் காய்ச்சலாம், பாணி கறுப்பாக வரும், அவ்வளவுதான். புளித்த வாசம் வந்தாலோ, கரண்டியில் நூல் போல இழுபட்டாலோ கொட்டிவிடுங்கள். மொட்டு விரிந்தபின் வரும் கெட்ட ருசி வேறு. அது மரத்தின் மாற்றம், எத்தனை கழுவினாலும் போகாது.

துளைக்குள் மருந்து வைக்கச் சொல்லி யாராவது வந்தால் கேட்காதீர்கள். 1960களில் பாராஃபார்மால்டிஹைடு என்ற கிருமிகொல்லி மாத்திரை வைத்தார்கள். துளை வற்றாமல் சாறு ஓடியது உண்மை. ஆனால் காயத்தை மூடவிடாததால் மரம் உள்ளே உளுத்துப்போனது. பிறகு அமெரிக்காவிலும் கனடாவிலும் அதை நிறுத்திவிட்டார்கள். ஒரு பருவத்துப் பாணிக்காக மரத்தை இழப்பதை என்னால் ஏற்கவே முடியாது.

வற்றிய துளையைத் திரும்பக் குடையாதீர்கள். ஸ்பவுட்டை இன்றைக்கே கழற்றிவிடுங்கள். அடுத்த வருடம் பழைய தழும்பிலிருந்து பக்கவாட்டில் தள்ளி, ஒரு சாண் மேலேயோ கீழேயோ, கூரான சுத்தமான துளைப்பானால் 4 சென்டிமீட்டர் ஆழம் போடுங்கள். இப்போதைய துளையை எதனாலும் அடைக்கவேண்டாம், மரமே மூடிக்கொள்ளும்.