ரோபோட்டிக்ஸ் கிளப்பும் ஊர்ப் பள்ளியும் – கடிதம்

அன்புள்ள சார்,

குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிராமம் எனக்கு. அப்பா தறி ஓட்டுகிறவர், லுங்கி நெய்கிறார். ஊர் அரசுப் பள்ளியில் பன்னிரண்டாவது முடித்து, வேலூரில் ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல் படித்தேன். நான்கு வருடமும் ரோபோட்டிக்ஸ் கிளப்பிலேயே கிடந்தேன். மூன்றாம் வருடம் ரோபோகான் என்ற கல்லூரி ரோபோப் போட்டியின் தேசியச் சுற்றுக்குப் போனோம். முதல் சுற்றோடு திரும்பி வந்தோம். இப்போது ஓசூரில் வாகன உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். ரோபோ பக்கமே போவதில்லை.

கிளப்பின் பழைய மாணவர்கள் வாட்ஸப் குழுவில் புது லேபுக்குப் பணம் கேட்கிறார்கள். எனக்கோ ஊர்ப் பள்ளிக்குச் செய்ய வேண்டும் என்று ஆசை. ஐம்பதாயிரம் ரூபாய் சேர்த்திருக்கிறேன். பிள்ளைகளே ரோபோ செய்து பார்க்க எல்லாப் பாகங்களும் அடங்கிய ரோபோட்டிக்ஸ் கிட் வாங்கிக் கொடுக்கலாமா? கூட வேலை செய்யும் நண்பர், "அதெல்லாம் வசதியான வீட்டுப் பிள்ளைகள் விளையாட்டு. அந்தக் காசில் ஒரு கழிப்பறை கட்டிக் கொடு" என்கிறார். அவருக்குப் பதில் சொல்ல முடியவில்லை. அந்த நான்கு வருடத்தில் நான் என்னதான் கற்றுக்கொண்டேன் என்று யோசித்துப் பார்க்கிறேன், அதுவும் பிடிபடவில்லை.

எஸ்., ஓசூர்

அன்புள்ள எஸ்.,

கற்றது கையில் ஊறிப்போனதால்தான் பிடிபடவில்லை. ஒரு பாகம் அளவு தவறி வருகிறது என்று வையுங்கள். நீங்கள் எடுத்த எடுப்பில் ஆபரேட்டரைத் திட்டமாட்டீர்கள். முதலில் அளக்கும் கேஜ் சரியா என்று பார்ப்பீர்கள். அப்புறம் பாகத்தைப் பிடித்து நிறுத்தும் ஃபிக்ஸ்சர், அப்புறம் வெட்டும் டூலின் தேய்மானம், அப்புறம் உள்ளே வந்த மெட்டீரியல். ஒன்றை மாற்றிப் பார்க்கும்போது மற்றதைத் தொடமாட்டீர்கள். இந்தப் பழக்கம் பரீட்சைக்குப் படித்து வருவதல்ல. உங்களுக்கு அது எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஒரு ஊகம் உண்டு.

காட்பாடிப் பக்கம் ஒரு கல்லூரிக் கிளப்பில் பார்த்ததைச் சொல்கிறேன். முதலாம் ஆண்டுப் பையன் ஒருவன் நான்கு சக்கர வண்டி ஒன்றைத் தரையில் வைக்கிறான். வண்டி ஓர் அங்குலம் நகர்கிறது, நிற்கிறது. வண்டிக்கு மூளையாக இருக்கும் ஆர்டுயினோ போர்டில் விளக்கு அணைந்து மறுபடி எரிகிறது. மறுபடி ஓர் அங்குலம். பையன் லேப்டாப்பைத் திறந்து புரோகிராமில் தப்புத் தேட ஆரம்பித்தான். வெகு நேரம் தேடினான். மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். விடையைச் சொல்லவில்லை. வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டரை அவன் கையில் கொடுத்து, "பேட்டரியில் வைத்துக்கொண்டு மோட்டாரை ஓட விடு" என்றாள். மோட்டார் கிளம்பும் கணத்தில் மீட்டரில் எண் சடசடவென்று இறங்கியது. போர்டுக்கும் மோட்டாருக்கும் ஒரே சின்ன பேட்டரி. மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் கரண்டில் வோல்டேஜ் விழுந்து, போர்டு தானாக ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்தது. மோட்டாருக்குத் தனி பேட்டரி கொடுத்து, இரண்டின் கிரவுண்டையும், அதாவது மைனஸ் முனைகளை, ஒன்றாக இணைத்ததும் வண்டி ஓடிவிட்டது. புரோகிராமில் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை.

அதே கிளப்பில் இன்னொரு வண்டி, கறுப்புக் கோட்டைப் பின்தொடர்ந்து போவது. ராத்திரி லேபில் தங்கமாக ஓடியது. மறுநாள் மதியம் ஜன்னலோரம் வைத்ததும் கோட்டை விட்டு ஓடியது. அகச்சிவப்புக் கதிரை அனுப்பி, திரும்பி வருவதை வைத்துக் கோட்டைக் கண்டுபிடிக்கும் சென்சார் அது. நம் வேலூர் வெயிலில் அந்தக் கதிருக்கு என்ன பஞ்சம்? கறுப்புக்கோடும் அதற்கு வெள்ளையாகத் தெரிந்தது. பிள்ளைகள் கறுப்பு சார்ட் பேப்பரை வெட்டி சென்சாரைச் சுற்றிப் பாவாடை மாதிரி ஒட்டினார்கள். லேபில் சரியாக வருவது களத்தில் ஏன் கெடுகிறது என்ற கேள்வியைத்தானே இன்று உங்களுக்குச் சம்பளம் கொடுத்துக் கேட்கிறார்கள்?

முதல் சுற்றில் தோற்றதைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். ரோபோகான் போட்டியை ஆசிய-பசிபிக் ஒலிபரப்பு ஒன்றியம் 2002-ல் டோக்கியோவில் தொடங்கியது. நடத்தும் நாடு தன் மண்ணிலிருந்தே விளையாட்டைத் தேர்ந்தெடுக்கும். 2008-ல் புனேயில் நடந்தபோது பானை உடைக்கும் கோவிந்தா விளையாட்டு. 2014-ல் மறுபடி புனே. பெற்றோர் ரோபோ ஒன்று பிள்ளை ரோபோவை ஏற்ற இறக்கப் பலகையிலும் ஊஞ்சலிலும் ஏற்றி விளையாட வைக்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் புது விளையாட்டு என்பதால் போன வருட ரோபோவைத் தூசி தட்டி எடுத்துப்போக முடியாது. சீனியரிடமிருந்து ஜூனியருக்கு வருவது வேலை செய்யும் முறை ஒன்றுதான். அது உங்களுக்கு வந்து சேர்ந்தது, நீங்களும் அடுத்தவருக்குக் கொடுத்திருப்பீர்கள். முதல் சுற்றோ இறுதிச் சுற்றோ, அதில் ஒன்றும் குறையவில்லை.

அமெரிக்காவில் இதைத் திட்டமிட்டே செய்தார்கள். டீன் கேமன் என்ற கண்டுபிடிப்பாளர் 1989-ல் 'ஃபர்ஸ்ட்' என்ற அமைப்பைத் தொடங்கினார். பள்ளிப் பிள்ளைகளுக்கு ரோபோப் போட்டி நடத்தும் அமைப்பு அது. 1992-ல் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் 28 அணிகளோடு முதல் போட்டி நடந்தது. போட்டிக்கு உருக்கொடுத்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்ஐடியின் பேராசிரியர் உட்டி ஃபிளவர்ஸ். தன் வகுப்பில் மாணவர்களுக்கு ஒரு பை நிறைய உதிரிச் சாமான்களைக் கொடுத்து இயந்திரம் செய்து மோதவிட்டவர். ஃபர்ஸ்ட் போட்டியில் எதிர் அணிக்கு ஒரு பாகம் உடைந்தால் உங்களிடம் இருப்பதைக் கொடுக்கிறீர்கள். இந்த ஆட்டத்தின் எதிரி அடுத்த ஆட்டத்தில் உங்கள் கூட்டாளியாக வரலாம். தொழிற்சாலை இன்ஜினியர்கள் பள்ளிப் பிள்ளைகளோடு ஒரே மேசையில் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் படித்து முடித்து வழிகாட்டிகளாகவும் நடுவர்களாகவும் திரும்பி வருகிறார்கள்.

சரி, ரோபோ செய்ததால் இன்ஜினியர் ஆனார்களா, இன்ஜினியர் ஆகும் ஆசை இருந்ததால் ரோபோ செய்ய வந்தார்களா? உங்கள் நண்பர் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் இன்னும் சரியாக இருந்திருக்கும். இதற்காகவே பிராண்டைஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012 முதல், ஃபர்ஸ்டில் சேர்ந்த பிள்ளைகளையும் சேராத பிள்ளைகளையும் பல ஆண்டுகள் தொடர்ந்து ஒப்பிட்டார்கள். சேர்ந்தவர்களுக்கு அறிவியல், பொறியியல் மேல் நாட்டம் கூடுதலாக இருந்தது. பெண் பிள்ளைகளிடம் அந்த வித்தியாசம் இன்னும் அதிகம். எனக்கு இதில் இரண்டாவது விஷயம்தான் பெரிதாகப் படுகிறது. நம் கல்லூரிக் கிளப்புகளில் வேலை சூடுபிடிப்பதே ராத்திரி ஒன்பது மணிக்கு மேல். பெண்கள் விடுதிக் கதவு அதற்குள் மூடிவிடும். விடியவிடிய விழித்திருந்தவன்தான் கிளப்புக்கு உழைத்தவன் என்று ஒரு கணக்கு வேறு. யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, ஆனாலும் பெண்கள் தானாகவே போஸ்டர் வரையும் வேலைக்கும் அறிக்கை எழுதும் வேலைக்கும் தள்ளப்படுகிறார்கள். லேபைச் சாயங்காலம் நான்கு மணிக்குத் திறந்தாலே போதும், பாதி சரியாகிவிடும்.

அதேபோல்தான் கிளப் நுழைவுத் தேர்வும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இடஒதுக்கீடு 2021-ல் பொறியியல் படிப்புக்கும் வந்தது. அணைக்கட்டிலிருந்தும் பேர்ணாம்பட்டிலிருந்தும் பிள்ளைகள் உள்ளே வந்துவிட்டார்கள். கிளப்பில் சேரப் போனால் முதல் வாரமே, "உனக்கு சி புரோகிராம் தெரியுமா, இதுவரை என்ன புராஜெக்ட் செய்திருக்கிறாய்" என்று கேட்கிறார்கள். பள்ளியிலேயே கிட்டைப் பிரித்துப் பார்த்த பையன் பதில் சொல்லிவிடுவான். மற்றவர்கள் அதோடு அந்தப் பக்கம் போகமாட்டார்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகள் விளையாட்டு என்று உங்கள் நண்பர் சொல்வது இந்த இடத்தில் உண்மை. அப்படியானால் கதவை அகலமாகத் திறக்கத்தானே வேண்டும்?

கழிப்பறை விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பள்ளியில் கழிப்பறை சரியில்லை என்றால் அதைச் சரிசெய்வது அரசின் கடமை; கேட்டு வாங்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் இப்போது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் இருக்கிறது. உள்ளே போய் உட்கார்ந்து கேளுங்கள். கழிப்பறை வரும்வரை கிராமத்துப் பிள்ளை மோட்டாரைத் தொடக்கூடாது என்ற வாதத்தை நான் ஏற்கமாட்டேன். தனியார் பள்ளிப் பிள்ளைகளை யாரும் இப்படி வரிசையில் காக்க வைப்பதில்லை.

ஆனால் அந்த ஐம்பதாயிரத்துக்குக் கிட் வாங்காதீர்கள். இதை அழுத்தியே சொல்கிறேன். கிட் வரும், புகைப்படம் எடுப்பார்கள், பீரோவுக்குள் போகும். ஒரு திருகு தொலைந்தால் தன் தலையில் விழும் என்று பயந்து ஆசிரியர் சாவியைக் கொடுக்கமாட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், கணக்குக் காட்ட வேண்டியவர் அவர்தான். பேட்டரி உள்ளேயே செத்துப்போகும். பள்ளிகளில் பிள்ளைகள் கையால் செய்து பழக லேப் அமைக்கும், மத்திய அரசின் நிதி ஆயோக்கின் அடல் டிங்கரிங் லேப் திட்டத்தில் ஒரு பள்ளிக்கு 20 லட்சம் என்றால், அதில் 10 லட்சம்தான் கருவிகளுக்கு. மீதி 10 லட்சம் ஐந்து வருடம் நடத்துவதற்கு. வாங்குகிற அளவுக்கு நடத்தவும் செலவாகும் என்று திட்டம் போட்டவர்களுக்கே தெரிந்திருக்கிறது. உங்கள் பணத்தையும் அப்படியே பிரியுங்கள். முதலில் கொஞ்சம் பணத்துக்குச் சென்னை ரிச்சி தெருவில் உதிரியாக மோட்டார், சக்கரம், போர்டு, வயர், வயரைப் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் வாங்குங்கள். உடைந்தால் யாரும் அழ வேண்டாத சாமான்களாக இருக்கட்டும். மிச்சம் மூன்று நான்கு வருடத்துக்குப் பேட்டரிக்கும், பிள்ளைகளின் பஸ் செலவுக்கும், உங்கள் பஸ் செலவுக்கும்.

ஆமாம், நீங்கள் போக வேண்டும். உங்கள் அப்பாவுக்குத் தறி யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அவருடைய அப்பாவோ சித்தப்பாவோ பக்கத்தில் உட்கார வைத்து, அறுந்த இழையை முடியச் சொல்லியிருப்பார்கள். கிளப்பில் உங்களுக்குக் கிடைத்ததும் அதுதான். ஓர் ஆள் பக்கத்தில் உட்கார்ந்தார். உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இல்லாததும் அந்த ஆள்தான்.

வேலூரில் இதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியான சிஎம்சியில் ஸ்பான்சர்ஷிப்பில் படிப்பவர்கள், முடித்ததும் தங்களை அனுப்பிய மிஷன் மருத்துவமனைகளில் குறிப்பிட்ட காலம் வேலை செய்ய வேண்டும். அது சேரும்போதே போடும் ஒப்பந்தம். கிளப்புகளில் அப்படி ஒப்பந்தம் கிடையாது, போடவும் முடியாது. இரண்டாம் ஆண்டு மாணவன் முதலாம் ஆண்டுக்குச் சொல்லித்தரும் பழக்கம் இருந்த கிளப்பில், படிப்பு முடிந்த பிறகும் ஆட்கள் சொல்லித்தரத் திரும்பி வருகிறார்கள். அந்தப் பழக்கம் இல்லாத இடத்தில் பத்து வருடம் கழித்து வாட்ஸப்பில் கணக்கு எண்ணை அனுப்பிப் பயனில்லை.

உங்கள் கல்லூரிக் கிளப்புக்கும் கொஞ்சம் கொடுங்கள், கேட்டுவிட்டுக் கொடுங்கள். முதலாம் ஆண்டில் எத்தனை பேரைத் தேர்வு இல்லாமல் சேர்க்கிறார்கள்? லேப் எத்தனை மணிக்குத் திறக்கிறது? கிளப்பில் இருக்கும் பெண்களில் எத்தனை பேர் சால்டரிங் பிடிக்கிறார்கள்? பழைய மாணவர் கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும். ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் டாடா மோட்டார்ஸ் ஆலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். சிப்காட் தொழிற்பேட்டையிலும் ஆம்பூர் ஷூ கம்பெனிகளிலும் இயந்திரங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. இந்த வேலைகளுக்கு நம் ஊர்ப் பிள்ளைகள் கூலி ஆட்களாக மட்டும் போகக்கூடாது என்பது என் ஆசை. உங்களுக்கும் அதே ஆசை இருப்பதால்தான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கிறீர்கள்.

மாதம் ஒரு சனிக்கிழமை போதும். முதலில் தலைமை ஆசிரியரைப் பாருங்கள், அறிவியல் ஆசிரியரைக் கூடவே உட்கார வையுங்கள். நீங்கள் இல்லாத வாரங்களில் அவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒன்பதாம் வகுப்பிலிருந்து தொடங்குங்கள், பத்தாவதும் பன்னிரண்டாவதும் பரீட்சைப் பயத்தில் இருக்கும். மறக்காமல் இரண்டு மல்டிமீட்டர் எடுத்துப் போங்கள். முதல் நாள் போகும்போது எனக்கும் சொல்லுங்கள், வேலூரிலிருந்து பஸ் ஏறி வந்துவிடுகிறேன்.