பிற்போடுவதும் கைவிடுவதும்

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

நான் நிலாவெளியில் ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறேன். சென்ற வாரம் ஒரு வெளிநாட்டுத் தம்பதியர், திமிங்கிலம் பார்க்கும் பயணத்தைப் 'புட் ஓஃப்' செய்ய முடியுமா என்று கேட்டார்கள். பயணமே வேண்டாம் என்கிறார்கள் என்று விளங்கிக்கொண்டு, வள்ளக்காரரிடம் வேறு ஆட்களை ஏற்றச் சொல்லிவிட்டேன். அவர்கள் கேட்டதோ ஒரு நாள் பிற்போடத்தான்; மறுநாள் விடியற்காலையில் இருவரும் கடற்கரையில் ஆயத்தமாக வந்து நின்றார்கள். முதலாளியிடம் நன்றாக ஏச்சு வாங்கினேன்.

'கேன்சல்' எனக்குத் தெரியும், 'போஸ்ட்போன்' தெரியும். இந்த 'புட் ஓஃப்', 'கோல் ஓஃப்' வகைதான் பிடிபடவில்லை. இணையத்தில் ஒரு பட்டியல் எடுத்து ஐந்நூறு வினைகளை மனனம் செய்கிறேன், நிற்கவில்லை. இவற்றில் எவற்றைப் பிரித்து நடுவில் வேறு சொல்லைப் போடலாம், எவற்றைப் பிரிக்கக்கூடாது? 'டிஸ்கஸ் அபவுட்' பிழையா? நல்ல வகுப்பு எதுவும் தெரியுமா? தமிழைப் போல ஒழுங்கான மொழியைப் பேசிவிட்டு இந்த ஒழுங்கற்ற மொழியோடு மாரடிக்க வேண்டியிருக்கிறதே என்று ஆத்திரமாக வருகிறது.

ச., உப்புவெளி

அன்புள்ள தம்பி,

ஏச்சு வாங்கியதற்காக மனம் சோர வேண்டாம். உங்களுக்கு வந்த இடர் புதியதல்ல. சாமுவேல் ஜோன்சன் 1755ஆம் ஆண்டு வெளியிட்ட தம் ஆங்கில அகராதியின் முன்னுரையிலேயே, வினையோடு ஒரு சிறு சொல் சேர்ந்து பொருள் மாறும் இந்த வழக்குத்தான் பிற நாட்டாரை மிகவும் வருத்துகிறது என்று எழுதிவைத்தார்.

பிரிப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். 'புட் ஓஃப்' என்பதில் ஓஃப் வினையைச் சேர்ந்தது. ஆகவே பெயர்ச்சொல் அதற்குப் பின்னும் வரலாம், நடுவிலும் வரலாம். ஆனால் 'இட்', 'தெம்' போன்ற சுட்டுப்பெயர் வந்தால் நடுவில்தான் வர வேண்டும்: 'புட் இட் ஓஃப்'. 'லுக் ஆஃப்டர்' என்பதில் ஆஃப்டர் தனக்குப் பின்னால் வரும் பெயரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அந்தப் பிடியை அவிழ்க்க முடியாது: 'லுக் ஆஃப்டர் தெம்' மட்டுமே சரி. 'டிஸ்கஸ் அபவுட்' நம் ஊரில் எல்லோரும் சொல்வது. பரீட்சையிலும் வெளிநாட்டாருக்கு எழுதும் கடிதத்திலும் அந்த அபவுட்டை விட்டுவிடுங்கள். வகுப்பைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

உங்கள் கடைசி வரிதான் என்னைப் பதில் எழுத உட்காரவைத்தது. தமிழ் ஒழுங்கான மொழி, ஆங்கிலம் ஒழுங்கற்ற மொழி என்று யார் உங்களுக்குச் சொல்லித் தந்தார்கள்? பிறந்தது முதல் பேசிவரும் மொழியை ஒரு நாளாவது காது கொடுத்துக் கேட்டிருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டீர்கள். வரவேற்பு மேசையில் உங்கள் முதலாளி, 'பிள்ளையைப் பாருங்கள்' என்றால் பிள்ளை இருக்கும் பக்கம் கண்ணைத் திருப்புவீர்கள். 'பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்றால் பக்கத்தில் போய் உட்காருவீர்கள். 'லுக் அட்', 'லுக் ஆஃப்டர்' இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அவ்வளவுதான். 'கொள்' என்பதற்கு அங்கே என்ன பொருள் என்று கேட்டால் உங்களால் சொல்ல முடியுமா? பார்த்துவிடு, பார்த்துவை, பார்த்துத் தொலை: இவற்றில் ஒன்றையாவது பட்டியல் போட்டுப் படித்தீர்களா? 'விட்டுக்கொடு' என்பதில் எதையும் விடவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. ஆங்கிலேயன் அதையே 'கிவ் இன்' என்கிறான். தமிழ் படிக்க வரும் வெள்ளைக்காரர் இந்தச் சொல்லின் முன்னால் திகைத்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அவரும் தமிழை ஒழுங்கற்ற மொழி என்றுதான் முணுமுணுத்தார். அன்றும் எனக்குக் கோபம் வந்தது.

உங்களை விழுத்திய சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் பத்திரிகைகள் தேர்தல் 'பிற்போடப்பட்டது' என்று எழுதுகின்றன. பின் என்ற சொல்லும் போடு என்ற வினையும் சேர்ந்தது அது. உங்களுக்குத் தெரிந்த 'போஸ்ட்போன்' இலத்தீனிலிருந்து வந்தது. அதிலும் முதற்பகுதி பின், அடுத்த பகுதி வை. 'புட் ஓஃப்' என்பதில் புட் என்றால் போடு, ஓஃப் என்றால் அப்பால். மூன்று மொழியிலும் ஒரே வேலை நடந்திருக்கிறது. பயணத்தை எடுத்து அப்பால் போட்டார்கள், அழிக்கவில்லை. இது தெரிந்திருந்தால் அன்று வள்ளத்தை வேறு ஆட்களுக்கு விட்டிருக்க மாட்டீர்கள்.

என் தகப்பனார் இங்கே திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் கயிற்று வேலை செய்தவர். 1957ஆம் ஆண்டு பிரித்தானியர் தளத்தைக் கையளித்துவிட்டுப் போகும்வரை அவர்களோடுதான் அவருடைய பகற்பொழுது. ஆங்கிலத்தில் ஒரு பரீட்சையும் எழுதியதில்லை. ஆனால் 'ஸ்டாண்ட் பை', 'காஸ்ட் ஓஃப்', 'ஹோல்ட் ஓன்' எல்லாம் அவருடைய கைகளுக்குத் தெரியும். நான் சிறுமியாக இருந்தபோது, உவர்மலையில் எங்கள் வீட்டுக் கிணற்றுக்குள் நீர்ப்பம்பி ஒன்றை இறக்கினார்கள். அப்பா கிணற்றுக் கட்டில் குனிந்து நின்று பம்பியைச் சுவரில் இடிக்காமல் விலக்கிக்கொண்டிருந்தார். கயிறு அண்ணாவின் கையில். 'பே அவுட்' என்று அப்பா கத்தினார். சாதாரண தரத்தில் ஆங்கிலத்துக்கு அதிசிறப்புச் சித்தி எடுத்த அண்ணா, கயிற்றை இறுக்கிப் பிடித்தபடி அசையாமல் நின்றார். பே என்றால் அவருக்குப் பணம் கொடுப்பது. அப்பா மறுபடி கத்தினார். நான் ஓடிப்போய் அண்ணாவின் கைக்குக் கீழே பிடித்து, தும்புக் கயிற்றைக் கொஞ்சங் கொஞ்சமாக உள்ளங்கை வழியே வழுகவிட்டேன். பம்பி தண்ணீரைத் தொட்டதும் 'ஹோல்ட் ஓன்' என்றார், நிறுத்தினேன். எனக்கு யாரும் சொற்பொருள் தந்ததில்லை. மீன்பிடி வள்ளம் கட்டும்போதும் கூடாரம் இழுக்கும்போதும் அப்பா அதைச் சொல்லக் கேட்டிருந்தேன், அவ்வளவுதான். கயிற்றைக் கையிலிருந்து வெளியே செலவழித்துக்கொண்டே போவதுதான் 'பே அவுட்'.

அண்ணாவைக் குறை சொல்லவில்லை. அவருக்குப் பாடசாலையில் கிடைத்தது எழுத்து ஆங்கிலம். 1066ஆம் ஆண்டு நோர்மானியர் இங்கிலாந்தை வென்ற பின், அரசவைக்கும் நீதிமன்றத்துக்கும் பிரெஞ்சுச் சொற்களும் இலத்தீன் சொற்களும் வந்து சேர்ந்தன. வீட்டிலும் வயலிலும் கப்பல் தளத்திலும் பழைய குட்டைச் சொற்களே நின்றன. நம் பாடசாலைகள் இன்றுவரை முன்னதைத்தான் ஊட்டுகின்றன. உங்கள் விடுதிக்கு வருபவர்கள் பின்னதைப் பேசுகிறார்கள். பொறுத்துக்கொள்வதற்கு 'டொலரேட்' என்று படித்த பிள்ளை, அதே பொருளில் 'புட் அப் வித்' என்று கேட்டதும் விழிக்கிறது. இதற்காக ஆங்கிலத்தின் மேல் ஆத்திரப்பட்டு என்ன பயன்?

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். 'லைட்டை ஓஃப் பண்ணு', 'ஃபேனை ஓன் பண்ணு' என்று வீட்டில் சொல்கிறோம். ஆங்கிலேயன் 'டர்ன்', 'சுவிட்ச்' என்று சொல்லும் வினையை அவனிடமே விட்டுவிட்டு, அந்தச் சிறு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டோம். பொருள் எங்கே இருக்கிறது என்பது நம் பாட்டிமாருக்குத் தெரிந்திருந்தது. ஐந்நூறு சொல் பட்டியலை வைத்துக்கொண்டிருக்கும் உங்களுக்குத் தெரியவில்லை.

அந்தப் பட்டியலைத் தூக்கிப் போடுங்கள். 'கிவ்' என்ற தலைப்பின் கீழே கிவ் அப், கிவ் இன், கிவ் அவே என்று அடுக்கியிருக்கும். அவை ஒன்றோடொன்று குழம்பத்தான் செய்யும். வினையின் பக்கமிருந்து வராதீர்கள், சிறு சொல்லின் பக்கமிருந்து வாருங்கள். ஓஃப் என்றால் விலகல். விமானம் தரையை விட்டு 'டேக் ஓஃப்', பயணி வாசலில் 'செட் ஓஃப்', வலி குறைந்து 'வெயார் ஓஃப்', பிள்ளையைப் பாடசாலையில் 'ட்ரொப் ஓஃப்'. 'கோல் ஓஃப்' என்றால் நடக்கவிருந்ததைக் கைவிடுதல். அது இனி நடக்காது. அப் என்பது பல இடங்களில் நம்முடைய 'விடு' செய்யும் வேலையைச் செய்கிறது. 'ஈட் அப்' என்றால் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிடு, 'யூஸ் அப்' என்றால் முழுவதையும் செலவழித்துவிடு, 'லொக் அப்' என்றால் எல்லாக் கதவையும் பூட்டிவிடு. எல்லா அப்புக்கும் இது பொருந்தாது, 'கிவ் அப்' வேறு வழியில் போகிறது. பொருந்தாதவற்றைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

மேசையில் ஒரு சின்னக் கொப்பி வையுங்கள். விருந்தாளி சொன்ன முழு வசனத்தையும், அப்போது அவர் கையில் என்ன இருந்தது, எந்தப் பக்கம் போனார் என்பதையும் எழுதுங்கள். விளங்காவிட்டால் 'டு யு மீன் டுமொரோ?' என்று கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்படுகிற வரவேற்பாளரை எந்த முதலாளியும் ஏசத்தான் செய்வார்.

'கெட்' என்ற வினையை நீங்கள் கேட்கவும் இல்லை, நான் தொடவும் இல்லை. கெட் ஓன், கெட் ஓவர், கெட் பை, கெட் அவே வித் என்று அது போகும் தூரத்துக்குத் தனிக் கடிதம் வேண்டும். ஒரு மாதம் ஓஃப், அப் இரண்டோடு மட்டும் இருந்துவிட்டு, கொப்பியில் சேர்ந்ததை எனக்கு எழுதி அனுப்புங்கள்.